நுனாவுட்டுக்கு எது முதலில்: கீரைப் பெட்டியா, வேட்டைக்குப் பெட்ரோலா?

கார்த்தி_எட்மண்டன்:
ஜோவா ஹேவன் பற்றி இங்கே பேச்சு வந்ததாகத் தெரியவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். கனடாவின் வட கோடியில், நுனாவுட் பிரதேசத்தில், கிங் வில்லியம் தீவில் இருக்கும் இனுயிட் (வடதுருவப் பழங்குடி) ஊர் அது. மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. மண்ணைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே வருஷம் முழுக்க உறைந்து கிடக்கும் நிலம். அங்கே 2019ல் இருந்து கப்பல் கன்டெய்னருக்குள் கீரையும் தக்காளியும் வளர்க்கிறார்கள். திட்டத்தின் பெயர் நௌர்விக். எல்இடி விளக்கு, மண்ணில்லாமல் நீரில் வளர்ப்பு, காற்றாலை, சோலார், இரண்டும் கைவிட்டால் டீசல் ஜெனரேட்டர். ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்கள். கனடா விண்வெளி நிறுவனம்கூட இதில் பங்காளி.

நுனாவுட்டில் மொத்தம் 25 ஊர்கள். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குச் சாலை இல்லை, தெற்கிலிருந்தும் இல்லை. கோடையில் கடல் திறக்கும் சில மாதம் கப்பல் வரும், மற்ற நாளெல்லாம் விமானம்தான். 2017-18ல் கனடாப் புள்ளியியல் துறை எடுத்த கணக்கில், போதிய உணவுக்கு உத்தரவாதம் இல்லாத வீடுகள் அங்கே 57 சதவீதம். சரக்குக் கட்டணத்துக்கு மானியம் கொடுக்கும் நியூட்ரிஷன் நார்த் திட்டம் 2011ல் இருந்து நடக்கிறது. அதற்குப் பிறகு எடுத்த கணக்குதான் இந்த 57.

நான் இந்த மாதிரி வளர்ப்பு அமைப்புகளில்தான் வேலை செய்கிறேன். 25 ஊரிலும் இப்படி ஒன்று வைக்க வேண்டும் என்பது என் கருத்து. விமானத்தில் பழுப்பேறி வந்து இறங்குகிற கீரையைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும்.

சுன்னாகம்_சிவா:
தம்பி, நல்ல மனசோட எழுதியிருக்கிறீங்கள். ஆனா நான் உடன்படமாட்டன்.

நான் நுனாவுட் தலைநகர் இக்கலூயிட்டில கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனான். சனம் பசியோட இருக்குது எண்டது உண்மை. ஆனா அவைக்குக் குறையிறது லெட்யூஸ் கீரை இல்லை. 100 கிராம் லெட்யூஸில 15 கலோரிதான் இருக்கு. அதைச் சாப்பிட்டு மைனஸ் 35இல ஆர் உலாவுறது?

ஒருக்கா பக்கத்து வீட்டில சீல் எண்டுற கடல்நாயைப் பிடிச்சுக்கொண்டு வந்தவை. குசினித் தரையில அட்டைப்பெட்டியை விரிச்சு, அதுக்கு மேல சீலைக் கிடத்தி, ஊலு எண்டுற அரைவட்டக் கத்தியால ஒரு அம்மம்மா வெட்ட, சுத்தியிருந்தவை ஈரலை அப்பிடியே பச்சையாச் சாப்பிட்டவை. மிச்சத்தைப் பையளில போட்டுப் பிள்ளையள் வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுத்ததுகள். ஒரு சதம் கை மாறேல்லை. சீல், கரிபூ மான், சார் மீன், திமிங்கிலத் தோலும் கொழுப்புமான மக்டாக், இதுகள்தான் அந்த மண்ணின்ரை உள்ளூர்ச் சாப்பாடு. மரக்கறி இல்லாம அவ்வளவு தலைமுறை ஸ்கர்வி வராம வாழ்ந்ததும் இதாலதான். பச்சை ஈரலிலயும் மக்டாக்கிலயும் வைட்டமின் சி இருக்கு.

கணக்கையும் பாருங்கோ. 2021ல உலகம் முழுக்க உள்ள உள்ளரங்குப் பண்ணையளைக் கேட்டு எடுத்த ஒரு கணக்கெடுப்பில, ஒரு கிலோ விளைச்சலுக்குச் சராசரியா 38.8 யூனிட் மின்சாரம் எண்டு வந்தது. நுனாவுட்டில கரண்ட் கிட்டத்தட்ட முழுக்க டீசலில இருந்துதான் வருது. ஒரு லீற்றரில மூண்டரை, நாலு யூனிட் எடுக்கலாம். அப்ப ஒரு கிலோ கீரைக்குக் கிட்டத்தட்டப் பத்து லீற்றர் டீசல். அந்த டீசலும் தெற்கில இருந்து கப்பலிலதான் வருது. கீரைக்குப் பதிலா டீசலை ஏத்துறம். இதை உள்ளூர் உணவு எண்டு என்னால சொல்லேலாது. அதே எரிபொருளை ஒரு வேட்டைக்காரன்ரை ஸ்னோமொபைலுக்கு ஊத்துங்கோ.

கார்த்தி_எட்மண்டன்:
சிவா அண்ணா, அந்த 38.8 சராசரிக் கணக்கு. அதில் பழைய விளக்கு வைத்திருப்பவனும் இருக்கிறான், சரியாகத் திட்டமிடாதவனும் இருக்கிறான். நான் பார்த்த நல்ல அமைப்புகள் அதில் பாதிக்கும் கீழேதான் எடுக்கின்றன. இன்னொன்றும் விட்டுப்போய்விட்டது. விளக்கு தின்கிற மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். டொராண்டோவில் அதைக் குளிர்விக்கத் தனியாகச் செலவு செய்கிறோம். ஜோவா ஹேவனில் வருஷத்தில் பெரும்பகுதி அந்த வெப்பமே கன்டெய்னரைச் சூடாக வைக்கும். டீசல் ஜெனரேட்டரும் எரிபொருளின் சக்தியில் பாதிக்கு மேல் வெப்பமாக வெளியே விடுகிறது, அதைக் குழாயில் பிடித்துக் கொண்டுவரலாம்.

வேட்டையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மான் எங்கே இருக்கிறது? பாதர்ஸ்ட் கரிபூ மந்தை 1986ல் சுமார் 4,70,000. 2021 கணக்கெடுப்பில் 6,240. பாஃபின் தீவில் 2015 தொடக்கத்தில் கரிபூ வேட்டையையே நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. இக்கலூயிட் அந்தத் தீவில்தானே இருக்கிறது? கடல் பனி தாமதமாக உறைந்து சீக்கிரம் உடைகிறது, அனுபவப்பட்ட வேட்டைக்காரர்களே உள்ளே விழுகிறார்கள். ஒரே வழியை நம்பி ஒரு ஊரை விட முடியுமா? மானிடோபாவின் வடக்கில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சில் ஊரைப் பாருங்கள். 2017 மே மாத வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போய், திரும்ப ரயில் ஓட ஒன்றரை வருஷம் ஆனது. அந்த இடைவெளியில்தான் அங்கே கன்டெய்னர் பண்ணை வந்தது. பனிக்காலத்தில் அந்த ஊரில் அன்றன்றைக்குப் பறித்த கீரை கிடைத்தது.

குமரன்_வின்னிபெக்:
சர்ச்சில் பற்றிக் கொஞ்சம். அந்தக் கன்டெய்னர் நல்ல முயற்சி, நானும் ஆதரிக்கிறேன். ஆனால் ரயில் நின்றபோது ஊர் திண்டாடியது கீரைக்காக இல்லை. வீட்டைச் சூடாக்கும் புரோப்பேன் வாயுவைக் குளிர்காலத்துக்கு முன் கப்பலில் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது. மாவு, பால், இறைச்சி எல்லாம் விமானத்தில், அந்த விலையில். கீரை அதில் எதையும் ஈடுகட்டாது. தாங்குதிறன் என்றால் எது இல்லாவிட்டால் ஊர் காலியாகும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும்.

மலர்_இனுவிக்:
இந்த விவாதத்தில் "வடக்கு" என்று ஒரே ஊரைப் பற்றிப் பேசுவது போல எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நான் இனுவிக்கில் நர்ஸ். இது நுனாவுட் இல்லை, அதற்கு மேற்கே உள்ள வடமேற்குப் பிரதேசம். ஆர்க்டிக் வட்டத்துக்கு 200 கிலோமீட்டர் வடக்கே, மெக்கன்சி ஆற்றுக் கழிமுகத்தில் இருக்கிறோம். ஜோவா ஹேவன் அளவுக்கு நாங்களும் வடக்குதான், ஆனால் இங்கே மரம் இருக்கிறது, டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் இரண்டு ஆறுகளைக் கோடையில் படகிலும் குளிர்காலத்தில் உறைந்த பனி மேலேயும் கடக்க வேண்டும். பனி பிடிக்கும்போதும் உடையும்போதும் வாரக்கணக்கில் சாலை கிடையாது. அந்த வாரங்களில் கடைக்குள் போனால் முட்டை, பால் விலையைப் பார்த்துத் திரும்பி வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அப்படித் திரும்பிப் போகிறவர்களில் சர்க்கரை நோய்க்கு என்னிடமே மாத்திரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் ஊர்ப் பசுமைக்குடில் 1990களின் கடைசியில் தொடங்கியது. பழைய ஐஸ் ஹாக்கி அரங்கம் அது. இடிக்க இருந்ததைக் கேட்டு வாங்கி, தகரக் கூரையை எடுத்துவிட்டு ஒளி புகும் தகடு போட்டார்கள். ஐஸ் இருந்த தரையில் இப்போது மரச்சட்டம் அடித்த உயரப் பாத்திகள். உறுப்பினராகிப் பாத்தி எடுத்துக்கொள்ளலாம், வருஷத்துக்குக் கொஞ்ச நேரம் பொதுவேலையும் செய்ய வேண்டும். சில பாத்திகளை முதியோருக்கும் ஊர் அமைப்புகளுக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். மாடியில் நாற்று வளர்த்து விற்பதில் குடிலின் செலவுக்கு ஒரு பங்கு வருகிறது. செயற்கை விளக்கு தேவையில்லை. கோடையில் 56 நாள் சூரியன் மறைவதே இல்லை. ஈவினிங் டூட்டி முடித்து நடுச்சாமத்தில் தண்ணீர் விடப் போவேன், வெயில் கண்ணைக் கூசும். பாலக் மட்டும் இங்கே சொன்ன பேச்சு கேட்காது. இருட்டே இல்லாததால் நாலு இலை விட்டதும் பூத்தண்டு எடுத்து விதைக்குப் போய்விடும். கேல், டர்னிப், பட்டாணி, சுக்கினி எல்லாம் கண்முன்னே பெருக்கும்.

கார்த்தி, உங்கள் கன்டெய்னர் ஜனவரியில் விளைவிக்கும், எங்கள் குடில் விளைவிக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜனவரியில் தின்ன உருளைக்கிழங்கும் கேரட்டும் செப்டம்பரில் எடுத்து வைத்தால் போதுமே. 100 கிராம் உருளைக்கிழங்கில் சுமார் 77 கலோரி. லெட்யூஸைப் போல ஐந்து மடங்கு, மின்சாரமும் வேண்டாம்.

சுன்னாகம்_சிவா:
மலர் தங்கச்சி சொல்லுறது எனக்கு விளங்குது, மெக்கன்சிப் பக்கம் வேற நிலம்தான். ஆனா அந்தப் பக்கத்து உருளைக்கிழங்குக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. மிஷன் பள்ளிக்கூடங்களில, ஃபோர்ட் ப்ராவிடன்ஸ் மாதிரி இடங்களில, தாய் தேப்பனிட்டை இருந்து பிரிச்சுக்கொண்டு வந்த பிள்ளையளைத்தான் கிழங்குத் தோட்டத்தில வேலைக்கு விட்டவை. நீங்கள் சொன்ன அரங்கமும் க்ரோலியர் ஹால் எண்ட கத்தோலிக்க விடுதியின்ரைதானே? அந்த விடுதியில பிள்ளையளுக்கு நடந்த கொடுமையள் நீதிமன்றம் வரைக்கும் போனது. "வந்து உங்களுக்கு விவசாயம் பழக்கிறம்" எண்டு தெற்கில இருந்து ஒராள் வந்து நிக்கேக்க, அங்கத்தைச் சனத்துக்கு இதெல்லாம் ஞாபகம் வரும். வரத்தான் வேணும்.

கார்த்தி தம்பி, கரிபூக் கணக்கு சரி, மறுக்கேல்லை. ஆனா சீல் குறையேல்லை. குறைஞ்சது சீல் பிடிக்கிறவன்ரை வருமானம். 1983ல ஐரோப்பிய நாடுகள் வெள்ளைக் குட்டிச் சீல் தோலை இறக்குமதி செய்யிறதைத் தடுத்தவை. இனுயிட் பிடிக்கிறது வளர்ந்த சீல், அதுவும் சாப்பாட்டுக்கு. எண்டாலும் சந்தை முழுக்க விழுந்துபோச்சு. 2009ல இன்னொரு தடை வந்தது, இனுயிட்டுக்கு விலக்கு எண்டு எழுதிவைச்சும் தோல் வாங்க ஆளில்லை. தோல் வித்துத்தான் பெற்றோலும் தோட்டாவும் வாங்கினவை. அந்தக் காசு நிண்டதோட இளம் பொடியள் வேட்டைக்குப் போறதும் நிண்டது. பசி வந்த வழி இதுதான். இதுக்குக் கன்டெய்னரிலை மருந்து இல்லை.

மலர்_இனுவிக்:
அண்ணா, க்ரோலியர் ஹால்தான். இங்கே எல்லாருக்கும் தெரியும், யாரும் மறைப்பதில்லை. அந்த விடுதியில் தங்கிப் படித்தவர்களில் சிலர் இன்று குடிலின் கூரைக்குக் கீழே தங்கள் பேரப்பிள்ளைகளோடு பட்டாணி பறிக்கிறார்கள். சிலர் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளிகள் செய்த பாவத்துக்காக இங்கே கிழங்கே நட வேண்டாம் என்று நாம் தெற்கிலிருந்து தீர்மானிப்பதும் அதே அதிகாரம்தான்.

மெக்கன்சி நெடுக இது புதிதும் இல்லை. ஃபோர்ட் சிம்ப்சனில் 1940களில் தொடங்கி பல ஆண்டுகள் கூட்டாட்சி அரசே சோதனைப் பண்ணை நடத்தியது. ஹே ரிவரில் 2013ல் பண்ணைப் பயிற்சி நிலையம் ஒன்று தொடங்கினார்கள். அதே ஹே ரிவர் 2022 மே வெள்ளத்தில் காலி செய்யப்பட்டது, 2023ல் காட்டுத்தீ வந்து மறுபடியும் ஊரை விட்டுப் போனார்கள். அந்த ஆகஸ்டில் யெல்லோநைஃப் நகரமே, சுமார் 20,000 பேர், கிளம்ப வேண்டி வந்தது. வடக்கில் சாப்பாடு வளர்க்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துத் திட்டம் போட வேண்டும். ஒரே பெரிய பண்ணையைவிட ஊர் ஊராகச் சின்னத் தோட்டமும் நிலத்தடிக் கிழங்கு அறையும் எனக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது.

கார்த்தி, உங்களிடம் ஒரு கேள்வி. ஜனவரியில் பம்ப் நின்றால் பழுது பார்க்க ஆள் எங்கிருந்து வருவார்? வந்தால் எங்கே தங்குவார்? இங்கே நர்ஸுக்கே வீடு கிடைப்பதில்லை. புயலில் விமானம் நாலு நாள் வராவிட்டால் நாற்று அத்தனையும் போய்விடும்.

கார்த்தி_எட்மண்டன்:
அதனால்தான் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி என்று முதலிலேயே எழுதினேன். நௌர்விக்கில் அப்படித்தான் நடக்கிறது. உதிரி பம்ப் இரண்டு கையில் இல்லாமல் யாரும் இதைத் தொடங்கக் கூடாது. சம்பளத்தை மூன்று வருட மானியத்தில் போடாமல் பள்ளி ஆசிரியர் சம்பளம் போல நிரந்தரமாகப் போட வேண்டும். மானியம் முடிந்ததும் பூட்டிக் கிடக்கிற பெட்டிகளை நானும் பார்த்திருக்கிறேன், கோபம்தான் வருகிறது.

மரம் இருக்கும் இடத்தில் உருளைக்கிழங்கு என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. மரம் இல்லாத 25 ஊருக்கு என்ன வழி என்பதுதான் என் கேள்வி. கலோரிக்காக நான் கீரை கேட்கவில்லை, அதற்குச் சீலும் மீனும் இருக்கட்டும். வாட்டமில்லாத ஒரு இலையைக் கடையில் பார்க்காமலே அங்கே ஒரு பிள்ளை வளர்கிறது. அந்தப் பிள்ளை பள்ளிக்குப் பக்கத்திலேயே விதை போட்டு அறுப்பதைப் பார்க்கட்டும். சிவா அண்ணா வாத்தியார், இதை அவரே மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

சுன்னாகம்_சிவா:
பள்ளிக்கூடத்துக்கு ஒரு சின்னப் பெட்டி எண்டா நான் குறுக்க நிக்கமாட்டன். 25 ஊருக்கும் அரசாங்கக் காசில எண்டா நிப்பன்.

என்னட்டைக் காசைத் தந்தா என்ன செய்வன் எண்டு சொல்லுறன். முதல்ல ஊருக்கு ஒரு பொதுக் குளிர் அறை, கரண்ட் காசைக் கட்டுறதுக்கு நிரந்தர ஏற்பாட்டோட. இருக்கிற சில ஊர்களில அந்தக் காசு இல்லாமத்தான் அறை பூட்டிக் கிடக்குது. அடுத்தது, இறைச்சி வெட்டிச் சுத்தம் பண்ண ஒரு கொட்டில். பிறகு வேட்டைக்காரருக்கு மாசச் சம்பளம். 2020ல அரசாங்கம் வேட்டைக்கு உதவித்தொகை எண்டு தொடங்கினது நல்ல வேலை, ஆனா அது உபகரணத்துக்கும் எரிபொருளுக்கும் போற காசு, ஆளுக்குச் சம்பளம் இல்லை. ஒரு மனுசன் கிழமையில அஞ்சு நாள் ஊருக்குச் சாப்பாடு கொண்டுவந்து குடுக்கிறான் எண்டா அது உத்தியோகம்தான். கார்த்தி கீரை பார்க்கிற ஆளுக்குக் கேட்ட அதே நிரந்தரச் சம்பளத்தை இவனுக்கும் கேளுங்கோ. அதுக்குப் பிறகு மிஞ்சிற காசில பெட்டி வாங்கலாம்.

மலர்_இனுவிக்:
அந்தக் குளிர் அறைக்குப் பக்கத்திலேயே கிழங்கு அறையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள் அண்ணா, மெக்கன்சிப் பக்கத்து ஊர்களுக்கு. ஒன்று உறைய வேண்டும், மற்றது உறையவே கூடாது, நாலு டிகிரியில் நிற்க வேண்டும். ஒன்றின் இயந்திரம் வெளியே தள்ளும் சூட்டை மற்றதற்கு விடலாம். கார்த்தி, குழாய் வேலை உங்கள் துறைதானே, ஒரு வரைபடம் போட்டுத் தர முடியுமா? எங்கள் குடில் கூட்டம் பனி உருகுவதற்கு முன் நடக்கும், அதில் வைக்கிறேன்.

கார்த்தி_எட்மண்டன்:
தருகிறேன். அறையின் நீள அகலமும், சுவரில் என்ன காப்புப் பொருள் போடப் போகிறீர்கள் என்பதும் அனுப்புங்கள். அடியில் உறைமண் இருப்பதால் தரையைத் தூண் மேல் தூக்கிக் கட்ட வேண்டியிருக்கும், அறையின் சூடு கீழே இறங்கினால் மண் இளகிக் கட்டிடமே சாயும். அதையும் வரைபடத்தில் காட்டுகிறேன். சிவா அண்ணா, பெட்டி விஷயத்தில் நான் இன்னும் விடவில்லை. அடுத்த வாரம் மின் கணக்கைத் தனி இழையாகப் போடுகிறேன், அங்கே வாருங்கள்.