68 செவெல் மாலிபு: எல்எஸ் போடலாமா, 307-ஐயே வெச்சு ஓட்டலாமா? முதல்ல பெயிண்ட்டா இன்ஜினா?

ரெண்டுகியர்_ராஜா:

வணக்கம் மக்களே. கைக்கு ஒரு 1968 செவர்லே செவெல் மாலிபு வந்து சேர்ந்திருக்கு, ரெண்டு கதவு ஹார்ட்டாப், 307 (கன இன்ச்) வி8 இன்ஜின், பவர்கிளைடு ஆட்டோமேட்டிக், அதாவது மொத்தமே ரெண்டு கியர்தான். நாலு வீல்லயும் டிரம் பிரேக். ஸ்டார்ட் ஆகுது, ஓடுது, ஆனா ஹைவேல ஏறினா இன்ஜின் போடற கத்துல பக்கத்து சீட்ல இருக்கறவங்ககிட்ட பேச முடியல, பிரேக்க மிதிச்சா வண்டி இடது பக்கமா இழுக்குது. மேல வினைல் கூரை போட்டிருக்காங்க, பின்கண்ணாடிக்குக் கீழ பெயிண்ட் கொப்புளிச்சிருக்கு, டிக்கி மேட்டைத் தூக்கினா எப்பவும் ஈரம்.

வீட்டு கராஜ்லயே எல்லாம் பண்ணனும்னு ஆசை. மிக் வெல்டர் இருக்கு, தகர வேலை சுமாரா வரும். திட்டம் என்னன்னா முதல்ல பாடிய சரி பண்ணி பெயிண்ட் அடிச்சிடறது (பளபளன்னு நின்னா வேலை செய்யவும் ஒரு உற்சாகம் வரும்ல), அப்புறம் ட்ரக்ல இருந்து கழட்டின 5.3 லிட்டர் எல்எஸ் இன்ஜினும் (ஜிஎம் கம்பெனியோட புதுத் தலைமுறை இன்ஜெக்ஷன் வி8) 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் போடறது, பிரேக்க கடைசியா பாத்துக்கறது. இந்த வரிசை ஓகேவா? ஒரிஜினல் இன்ஜினைக் கழட்டிட்டா வண்டியோட மதிப்பு போயிடும்னு ஒருத்தர் பயமுறுத்தறார், அது நெஜமா? விஐஎன் (வண்டியோட அடையாள நம்பர்) 13637-ன்னு ஆரம்பிக்குது, அதுல ஏதாவது தெரியுமா?

துரு_வேட்டையன்:

தெரியும் ப்ரோ, முதல் மூணு நம்பர்லயே பாதி பதில் இருக்கு. 1968-ல எஸ்எஸ் 396 (பெரிய இன்ஜின் வெச்ச ஸ்போர்ட்ஸ் செவெல், ஒரிஜினாலிட்டி பாக்கறவங்க தேடறது) தனி மாடல், அதோட விஐஎன் 138-ல ஆரம்பிக்கும். 136-ன்னா மாலிபு வி8, பின்னாடி வர்ற 37 ரெண்டு கதவு ஹார்ட்டாப். 69-ல இருந்துதான் எஸ்எஸ் வெறும் ஆப்ஷனா மாறிச்சு, அதுக்கப்புறம் விஐஎன்ன வெச்சு சொல்ல முடியாது, பேப்பர் தேடணும். ஆக உங்க வண்டியில இன்ஜினை மாத்தினா சண்டைக்கு வர ஆள் யாரும் இல்ல. ஆனாலும் அந்த 307-ஐ இரும்புக் கடைக்குப் போட்டுடாதீங்க, சிலிண்டர்ல எண்ணெய் விட்டு மூடி ஒரு ஓரமா வைங்க, ஃபயர்வாலையும் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற தகரச் சுவர்) தேவையில்லாம வெட்டாதீங்க. நாளைக்கு விக்கும்போது ஒரிஜினல் இன்ஜினும் கூடவே வருதுன்னா கேக்கறவங்களுக்கு அதுவே பெரிய விஷயம்.

வரிசை மட்டும் அப்படியே தலைகீழ். பெயிண்ட்தான் கடைசி. வெறும் தகரமா இருக்கும்போதே இன்ஜின், கியர்பாக்ஸ், சைலன்சர் பைப், பிரேக் பூஸ்டர், டேங்க் எல்லாத்தையும் ஒரு தடவை மாட்டிப் பாத்து, வெல்டிங் பண்ண வேண்டிய பிராக்கெட், போட வேண்டிய ஓட்டை எல்லாம் முடிச்சு, அந்த கோலத்துலயே கொஞ்ச நாள் ஓட்டி, எது உரசுது எது ஒழுகுதுன்னு தெரிஞ்சப்புறம்தான் மறுபடி பிரிச்சு பெயிண்ட். புது பெயிண்ட் அடிச்ச வண்டிக்குள்ள இன்ஜினை இறக்கி, ஃபென்டர்ல கீறல் விழாம தப்பிச்சவங்கள நான் பாத்ததில்ல.

இப்ப அந்த ஈரம். 68-லேர்ந்து 72 வரைக்கும் இந்த செவெல்களுக்கு உள்ள பரம்பரை வியாதியே பின்கண்ணாடி ஓரத்துல வர்ற துருதான். கண்ணாடிய சுத்தி இருக்கற அந்த பளபள பட்டைக்குக் கீழ கிளிப்புகள் இருக்கும், அந்த கிளிப்பு நிக்கற சின்ன ஸ்டட்டு ஒவ்வொண்ணோட காலடியிலயும் தண்ணி தேங்கி தேங்கி தகரம் பொத்துக்கும், அங்கேர்ந்து உள்ள சொட்டி டிக்கி தரைக்குப் போகும், டிக்கி தரையும் போகும். வினைல் கூரை வேற இருக்கா, கிணறு வெட்ட பூதம் கிளம்பும், தயாரா இருங்க. மேல சிலிகான் அப்பி மூடறது சுத்த வேஸ்ட். கண்ணாடிய எடுங்க, வினைலை உரிங்க, போன இடத்தை வெட்டிட்டு புதுத் தகரம் வெச்சு வெல்டு பண்ணி, எபாக்ஸி ப்ரைமர் அடிச்சு, புது ப்யூட்டைல் டேப் போட்டு கண்ணாடிய உக்கார வைங்க.

வெல்டிங்ல ரெண்டு விஷயம். 0.6 மிமீ கம்பி போட்டு, இங்க ஒரு பொட்டு அங்க ஒரு பொட்டுன்னு தள்ளித் தள்ளி வைங்க, கை வெச்சா சுடாத அளவுக்கு ஆறினப்புறம் அடுத்தது. ஒரே இழுப்பா இழுத்தா தகரம் நெளிஞ்சு டொக்கு டொக்குன்னு அடிச்சுக்கும், அப்புறம் பட்டி போட்டே மூடணும். இன்னொண்ணு, ஹார்ட்டாப்ல நடுத்தூண் கிடையாது, அதனால கதவுக்குக் கீழ இருக்கற ராக்கர் பேனலையோ தரையையோ வெட்டறதுக்கு முன்னாடி கதவு வாசல்ல சதுர பைப் குறுக்கா வெச்சு டாக் (தற்காலிகமா பொட்டு வெல்டு) அடிச்சிடுங்க. இல்லாட்டி எல்லாம் முடிச்சு கதவை சாத்தும்போது இடைவெளி மேல ஒரு விரல், கீழ அரை விரல்னு நிக்கும், அதை சரி பண்ண திரும்ப வெட்டணும்.

கார்ப்_கட்சி:

வந்துட்டாங்கய்யா எல்எஸ் ஆளுங்க 😀 ராஜா, நீங்க எழுதினதை நீங்களே ஒரு தடவை படிங்க. இன்ஜின் இழுக்கலன்னு எங்கயாவது சொல்லியிருக்கீங்களா? கத்துதுன்னுதான் சொல்றீங்க. அது இன்ஜின் குத்தம் இல்ல, கியர் குத்தம். பவர்கிளைடுல ரெண்டாவது கியரே நேரடி 1-க்கு 1, அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. அதுக்கு பதிலா நாலு கியர் ஆட்டோமேட்டிக் 700ஆர்4 போட்டா நாலாவது கியர் 0.70, அதாவது இப்ப 3000 ஆர்பிஎம்ல போற அதே வேகத்துக்கு 2100 போதும். முதல் கியரும் 3.06, அதனால சிக்னல்ல கிளம்பறதும் வேற மாதிரி இருக்கும், ஒரு குதிரைசக்தி கூட ஏத்தாமலே.

307-க்கு 200 குதிரைசக்தின்னு போட்டிருப்பாங்க, அதை நம்பி ஏமாறவும் வேணாம். அந்தக் காலத்துக் கணக்கு ஆல்டர்னேட்டர், ஃபேன், சைலன்சர் எதுவும் இல்லாம வெறும் இன்ஜினை பெஞ்ச்ல வெச்சு அளந்தது, 1972-லதான் எல்லாம் மாட்டி அளக்கற நெட் கணக்குக்கு வந்தாங்க. ஆனா சும்மா ஜாலியா ஓட்ட இது தாராளம். ஒரு 600 சிஎஃப்எம் நாலு பேரல் கார்பரேட்டர், அதுக்கேத்த மேனிஃபோல்டு, பொறிக்கு கரண்ட்டை விட்டு விட்டு நிறுத்தற பழைய பாயின்ட்டைத் தூக்கிட்டு எச்ஈஐ (எலக்ட்ரானிக் இக்னிஷன்) டிஸ்ட்ரிபியூட்டர், அவ்ளோதான். எச்ஈஐ போடும்போது ஒண்ணை மறக்காதீங்க, பழைய காயிலுக்குப் போற வயர் சாதா வயர் இல்ல, பாயின்ட் கருகாம இருக்க வேணும்னே வோல்ட்டைக் குறைக்கற ரெசிஸ்டன்ஸ் வயர். எச்ஈஐக்கு முழு 12 வோல்ட் வேணும், புது வயர் இழுக்கணும். இது தெரியாம "எச்ஈஐ போட்டேன், மிஸ் அடிக்குது"ன்னு திட்டறவங்க ஏராளம்.

700ஆர்4-ல டிவி கேபிள்னு ஒண்ணு கார்பரேட்டர்ல மாட்டும், அதோட அளவு தப்பா இருந்தா உள்ள எண்ணெய் அழுத்தம் பத்தாம கிளட்ச் எல்லாம் எரிஞ்சிடும். அதுல மட்டும் சோம்பேறித்தனம் கூடாது.

எர்த்து_வயர்:

கார்ப் அண்ணே சொல்றதுல பாதி சரி, ஆனா 307-ல இருக்கறது ஃப்ளாட் டேப்பெட் கேம் (வால்வைத் தூக்கற பாகம் கேம் மேல உருளாம உரசிட்டே ஓடும்), இப்ப கடையில வர்ற சாதா ஆயில்ல ஜிங்க் கம்மி, பழைய வண்டிக்குன்னு வர்ற ஆயிலா தேடிப் போடணும், புது கேம் போட்டா ஸ்டார்ட் பண்ணின உடனே 2000-க்கு மேல வெச்சு 20 நிமிஷம் ஓட்டி பழக்கணும், ஐடில்ல விட்டா முதல் நாளே தேஞ்சிடும். 5.3-ல ரோலர், இந்தத் தலைவலியே இல்ல. காலைல குளிர்ல சாவிய திருகினா உடனே புடிக்கும்.

ஆனா ராஜா, எல்எஸ்னா வெறும் இன்ஜின் வாங்கறதோட முடியற வேலைன்னு நினைக்காதீங்க. ட்ரக் ஆயில் பேன் ரொம்ப ஆழம், கிராஸ்மெம்பருக்குக் (சேஸியோட குறுக்குச் சட்டம்) கீழ தொங்கும், ஸ்பீட் பிரேக்கர்ல அடிபடும், மாத்தணும். ட்ரக் ஏசி கம்ப்ரஸர் நிக்கற இடத்துல உங்க சேஸி இருக்கு. கியர்பாக்ஸ் கிராஸ்மெம்பரைப் பின்னாடி தள்ளணும். பழைய ஸ்பீடோமீட்டர் கேபிள்ல ஓடுது, 4எல்60ஈல கேபிளே கிடையாது, எலக்ட்ரானிக் சிக்னல்தான், நடுவுல ஒரு கன்வர்ட்டர் பாக்ஸ் வேணும். ஈசியூல (இன்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர்) திருட்டு தடுக்கற லாக்கை எடுத்துவிடணும். ஹெட்ல இருக்கற ஸ்டீம் லைனை ரேடியேட்டர் மேல்பக்கம் கொண்டு போய் விடணும், அதை அடைச்சு வெச்சா உள்ள ஆவி மாட்டிக்கும், மீட்டர்ல சூடு தெரியாமலே ஹெட் வேகும்.

பெட்ரோல் லைன்தான் எல்லாத்துலயும் முக்கியம். கார்பரேட்டருக்கு 5-லேர்ந்து 7 பிஎஸ்ஐ, எல்எஸ்ஸுக்கு 58. பழைய ரப்பர் ஹோஸ்ல அதை அனுப்பினா சூடான எக்ஸாஸ்ட் மேல பெட்ரோலை பீச்சி அடிக்கும், அப்புறம் வண்டியும் இல்ல கராஜும் இல்ல. இன்ஜெக்ஷனுக்குன்னு வர்ற ஹோஸ், உள்ள தடுப்பு வெச்ச டேங்க், டேங்குக்குள்ளயே பம்ப். பழைய டேங்க்ல தடுப்பு இல்லாததால வளைவுல பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிட்டா பம்ப் காத்தைக் குடிக்கும்.

கரண்ட் விஷயம் யாரும் பேசல. உங்க வண்டி பாடி சேஸி மேல நேரா உக்காரல, ரப்பர் புஷ் மேல உக்காந்திருக்கு. புது புஷ்ஷும் போட்டு பவுடர் கோட்டிங்கும் பண்ணிட்டா பாடிக்கு எர்த்தே கிடைக்காது. பேட்டரியில இருந்து இன்ஜினுக்கு, இன்ஜின்லேர்ந்து சேஸிக்கு, சேஸிலேர்ந்து பாடிக்குன்னு தனித்தனியா தடிமனா போடுங்க, பெயிண்டைச் சுரண்டிட்டு. லைட் மினுக்கறது, மீட்டர் ஆடறது, சென்சார் உளர்றதுன்னு வர்ற கேள்வில முக்கால்வாசிக்கு இதான் பதில். அப்புறம் ஒரிஜினல் ஆல்டர்னேட்டர் 37 ஆம்ப், ரெண்டு எலக்ட்ரிக் ஃபேனும் ஒரு பம்பும் ஓடினா அதுக்கே பத்தாது. ஆல்டர்னேட்டரைப் பெருசாக்கினா பேட்டரிக்குப் போற வயரையும் பெருசாக்கணும், இல்லாட்டி வயர் ஹீட்டராகும்.

மிதிச்சா_நிக்கணும்:

எல்லாரும் ஓட வெக்கறதைப் பத்தியே பேசறீங்க, ராஜா பிரேக் ஒரு பக்கம் இழுக்குதுன்னு எழுதினதைக் கண்டுக்கவே இல்ல. அதைப் பாக்கற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க ராஜா. டிரம்மைக் கழட்டிப் பாருங்க, ஒரு வீல் சிலிண்டர் ஒழுகி லைனிங் நனைஞ்சிருக்கும், இல்லாட்டி ரப்பர் ஹோஸ் உள்பக்கம் ஊதிப்போய் ஒரு பக்கம் மட்டும் ஆயில் போகாம, இல்ல போனது திரும்பாம நிக்கும். வெளிய பாத்தா ஹோஸ் புதுசாட்டம் இருக்கும்.

முன்னாடி டிஸ்க் போடறதுதான் இந்த வண்டிக்கு செய்யற முதல் மாடர்ன் வேலையா இருக்கணும். போடும்போது பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையே வெச்சு ஓட்டாதீங்க, அதோட வாயில டிரம்முக்காக ஒரு ரெஸிடுவல் வால்வு இருக்கும், அது லைன்ல எப்பவும் கொஞ்சம் அழுத்தத்தைப் புடிச்சு வெக்கும், டிஸ்க்ல போட்டா பேட் உரசிட்டே ஓடும். மாஸ்டர் சிலிண்டர், ப்ரபோர்ஷனிங் வால்வு (முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் அழுத்தத்தைப் பங்கு போடறது) எல்லாம் செட்டா மாத்துங்க. டிரம்முக்கு வந்த 14 இன்ச் வீல் நிறைய இடத்துல காலிப்பர்ல முட்டும், 15-க்கு போங்க. கார்ப் அண்ணே பேச்சைக் கேட்டு 307-ஐயே வெச்சுக்கிட்டு, கூடவே தடதடன்னு குலுங்கற பெரிய கேம் போட்டா வேக்குவம் குறைஞ்சு பூஸ்டர் வேலை செய்யாது, கல்லை மிதிக்கற மாதிரி இருக்கும், அதையும் யோசிச்சுக்கோங்க.

அலைன்மென்ட் பண்ற எடத்துல 68-ஆம் வருஷ புக்கைப் பாத்து வெச்சாங்கன்னா ஒத்துக்காதீங்க. அது பயஸ் பிளை டயருக்கு (ரேடியலுக்கு முந்தின பழைய டயர்) எழுதின கணக்கு, காஸ்டர் (ஸ்டியரிங் அச்சு முன்பின்னா சாய்ஞ்சிருக்கற கோணம்) கிட்டத்தட்ட பூஜ்யம். ரேடியல் டயருக்கு பாசிட்டிவ் 3, 4 டிகிரியாவது கேளுங்க, ஹைவேல ஸ்டியரிங்கைப் புடிச்சு மல்லுக்கட்டற வேலை பாதி குறையும். தோள்பட்டைக்கு வர்ற பெல்ட் தனியா கூரையில மடிச்சு மாட்டியிருந்தா, தானா சுருட்டிக்கற மூணு பாயின்ட் பெல்ட்டா மாத்துங்க.

துரு_வேட்டையன்:

மறந்துட்டேன், கூரையும் பின் பேனலும் சேர்ற இடத்துல கம்பெனியே ஈயம் ஊத்தி மூடியிருக்கும், வினைலை உரிச்சா தெரியும். அதை கிரைண்டர்ல அடிச்சு தூசி கிளப்பாதீங்க, மாஸ்க் போட்டு உருக்கி வழிச்சு எடுங்க. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடிச்ச இடத்துல வெல்டு வைக்கவே வைக்காதீங்க, அந்த சூட்டுல வர்றது ஃபாஸ்ஜீன், விஷவாயு. பெயிண்ட்டும் டூகே (ஹார்ட்னர் கலந்து அடிக்கற ரெண்டு பாகப் பெயிண்ட்) அடிக்கறதா இருந்தா வெளிக்காத்து குழாய்ல வர்ற முகமூடி இல்லாம ஆரம்பிக்காதீங்க, அதுல இருக்கற ஐசோசயனேட் விஷயத்துல சாதா கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை நம்பி நிக்க முடியாது.

ரெண்டுகியர்_ராஜா:

எல்லாருக்கும் நன்றி, பெயிண்ட் ஆசையைத் தள்ளி வெச்சாச்சு. நேத்து டிரம்மைக் கழட்டினேன், வலது முன்வீல்ல லைனிங் பூரா ஆயில், அதான் இடது பக்கம் இழுத்திருக்கு. இப்போதைக்கு முடிவு: பிரேக், பின்கண்ணாடி, டிக்கி தரை, அப்புறம் 307-ஓட 700ஆர்4. எல்எஸ் பின்னாடி பாத்துக்கலாம். ஒரே ஒரு சந்தேகம், டிக்கி தரைய எப்படியும் வெட்டப் போறேன், டேங்க்கும் கழட்டியாகணும். எல்எஸ்ஸுக்கு வேண்டிய டேங்க்க இப்பவே போட்டுட்டா கார்பரேட்டருக்கு ஆகுமா?

எர்த்து_வயர்:

தாராளமா ஆகும், போடற நேரமும் இதான். ரிட்டர்ன் லைனையும் சேத்து இப்பவே இழுத்துடுங்க, கார்பரேட்டருக்கு முன்னாடி ரிட்டர்ன் டைப் ரெகுலேட்டர் வெச்சு 6 பிஎஸ்ஐக்கு செட் பண்ணுங்க, எல்எஸ் வரும்போது ரெகுலேட்டரை மட்டும் மாத்தினா போதும். இன்ஜின்ல இருக்கற மெக்கானிக்கல் பம்ப்பைக் கழட்டி அந்த ஓட்டைக்குத் தகடு போட்டு மூடிடுங்க. ஆனா ஒண்ணு, எல்எஸ்ல இன்ஜின் நின்னா ஈசியூ பம்ப்பை நிறுத்திடும், கார்பரேட்டர் வண்டியில அந்த வேலைய செய்ய யாரும் இல்ல, எங்கயாவது மோதி நின்னாலும் சாவி ஆன்ல இருக்கற வரைக்கும் பம்ப் ஊத்திட்டே இருக்கும். அதனால பம்ப் ரிலேக்கு ஆயில் பிரஷர் ஸ்விட்ச் ஒண்ணு, இடிச்சா கட் ஆகற இனர்ஷியா ஸ்விட்ச் ஒண்ணு, ரெண்டும் போட்டுட்டு அப்புறம் பெட்ரோல் ஊத்துங்க.