கன்வெர்ஷன் ரேட்: கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

உட்லண்ட்ஸிலிருந்து

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

அடுத்த மாதம் இங்கே சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் சிறு தொழில் செய்யும் நம்மவர்களுக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். ஏர்கான் சர்வீஸ், பிளம்பிங், கேட்டரிங், டியூஷன், மருதாணி போடுபவர்கள் என்று கலவையாக வருகிறார்கள். அநேகமாக எல்லாரிடமும் வெப்சைட் இருக்கிறது. ஆட்கள் வந்து பார்க்கவும் செய்கிறார்கள். பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், அதுதான் குறை. வந்து பார்த்தவர் காசு கொடுக்கும் வாடிக்கையாளராவதை ஆங்கிலத்தில் கன்வெர்ஷன் என்கிறார்கள். நூற்றுக்கு எத்தனை பேர் அப்படி ஆனார்கள் என்பது கன்வெர்ஷன் ரேட்.

கையேடு தமிழில். இந்தச் சொல் பக்கத்துக்கு ஏழெட்டு முறை வருகிறது. என்ன போடலாம்? கூடவே ‘லீட்’, அதாவது கேட்டுவிட்டு இன்னும் வாங்காமல் இருப்பவர், அதற்கும் ஒன்று வேண்டும். மொழிபெயர்ப்பு மென்பொருளிடம் கேட்டேன், ‘ஈயம்’ என்றது. பாத்திரத்துக்குப் பூசவா?

ஜூரோங் வெஸ்டிலிருந்து

அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கன்வெர்ஷன் என்றால் மாற்றம், ரேட் என்றால் விகிதம். மாற்று விகிதம். போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

ஈசூனிலிருந்து

> மாற்று விகிதம். போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. தேக்காவில் யாரிடமாவது ‘மாற்று விகிதம் என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். ரிங்கிட் எவ்வளவு, ரூபாய் எவ்வளவு என்று பலகையைக் காட்டுவார்கள். நாணய மாற்றுக் கடை இத்தனை இருக்கும் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறார். ‘விகிதம்’ போனால் போகட்டும், வெறும் ‘மாற்றம்’ போதும் என்றால் மதமாற்றம் நினைவுக்கு வருகிறது.

அதைவிட, அந்த ஆங்கிலச் சொல்லே கடைக்காரர் பக்கம் நின்று பேசுகிறது. வந்தவரை நான் மாற்றினேன் என்கிறது. ராத்திரி 11 மணிக்குப் படுக்கையறை ஏர்கானில் தண்ணீர் சொட்டுகிறவர் எதுவாகவும் மாறவில்லை. அவருக்குச் சொட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

என் தங்கை மாப்பிள்ளை ஏர்கான் சர்வீஸ் நடத்துகிறார். இரண்டு வேன். அவருடைய வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அந்த அனுபவத்தில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பழைய பக்கத்தைத் திறந்தால் முதலில் ஒரு கம்ப்ரசர் படம். அடியில் ‘எங்கள் தொலைநோக்கு’ என்று இரண்டு பத்தி. அதற்கும் அடியில் பதினொரு கட்டம் கொண்ட படிவம், அதில் ஒரு கட்டம் அடையாள அட்டை எண். சட்டம் கேட்டால் ஒழிய, அல்லது ஆள் இன்னார்தான் என்று உறுதியாகத் தெரிந்தே ஆகவேண்டிய இடம் இருந்தால் ஒழிய, 2019 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் அந்த எண்ணை வாங்கக் கூடாது. சட்டம் கிடக்கட்டும், ஏர்கான் கழுவ எதற்கு அடையாள அட்டை? எடுத்துவிட்டேன். இப்போது நான்கே கேள்வி: அஞ்சல் குறியீடு, எத்தனை யூனிட், என்ன கோளாறு, எந்த நாள் வரலாம். நம் ஊரில் ஆறு இலக்கக் குறியீடே புளோக்கைக் காட்டிவிடும், முகவரி கேட்டு இழுக்க வேண்டியதில்லை. இந்த நான்கும் வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தினால் முன்கூட்டியே எழுதப்பட்டு வந்து நிற்கும். வந்தவர் நிரப்பி அனுப்பினால் போதும்.

சாதாரண சர்வீஸ் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு, கெமிக்கல் வாஷ் எவ்வளவு, கேஸ் ஏற்ற எவ்வளவு என்று விலையையும் மேலேயே போடச் சொன்னேன். மாப்பிள்ளைக்கு மனசில்லை, போட்டிக்காரன் பார்த்துவிடுவானாம். போட்டிக்காரனுக்கு அது எப்போதோ தெரியும், தெரியாமல் நிற்பது வீட்டுக்காரர்தான்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். இதெல்லாம் செய்ததும் பொத்தானை அழுத்துகிறவர்கள் கூடினார்கள். வெப்சைட் வருகையைக் கணக்கெடுக்கும் கருவி அதைத்தான் கன்வெர்ஷன் என்று எண்ணுகிறது. நான் பெருமையாக எண்ணிக்கையைக் காட்டினேன். அவர் கேட்டார்: “கன்வெர்ஷன் ஏறியிருக்குங்கிறீங்க மச்சான், வேன் சும்மாதானே நிக்குது?”

அங்கேதான் எனக்கு உறைத்தது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று, வந்தவர் வாயைத் திறந்து கேட்பது. மற்றது, நாளும் விலையும் பேசி வேலை முடிவாவது. நூறு பேர் வந்தார்கள், பத்துப் பேர் கேட்டார்கள், மூன்று பேர் வேலை கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் கணக்கில் நூற்றுக்குப் பத்து. வேனின் கணக்கில் நூற்றுக்கு மூன்று. கேட்ட பத்துப் பேரில் ஏழு பேர் எங்கே போனார்கள்? அதை வெப்சைட்டில் தேடிப் புண்ணியமில்லை. மாப்பிள்ளை பகலெல்லாம் ஏணியில் நிற்கிறார், போனை மாலை ஆறுக்கு மேல்தான் பார்க்கிறார். அதற்குள் அந்த வீட்டுக்காரர் வேறு இரண்டு கடைக்கும் அதே செய்தியை அனுப்பி, முதலில் பதில் சொன்னவரை வரச் சொல்லியிருப்பார். இப்போது பதில் சொல்வது என் தங்கை. பக்கத்தில் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை, வேன் ஓடுகிறது.

கன்வெர்ஷன் என்ற ஒற்றைச் சொல் இந்த ஓட்டையை மறைத்துவிடுகிறது. கூகலுக்கே அந்தச் சொல் ஒரு நிலையில் நிற்கவில்லை. வருகையை எண்ணும் அதன் பழைய அனலிடிக்ஸ் கருவியில் இது ‘கோல்’. அதன் புதிய பதிப்பான ஜிஏ4இல் ‘கன்வெர்ஷன்’. 2024 மார்ச்சில் அனலிடிக்ஸில் அதையும் எடுத்து ‘கீ ஈவென்ட்’ ஆக்கிவிட்டு, கன்வெர்ஷனை விளம்பரக் கணக்குக்கு ஒதுக்கினார்கள். உண்டாக்கியவர்களே பிரித்துவிட்டதை நாம் ஏன் ஒரே சொல்லில் கட்டிவைக்க வேண்டும்?

ஆகவே இரண்டு சொல் கேட்கிறேன். முதலாவது கையிலேயே இருக்கிறது: விசாரிப்பு. லீட் என்பதற்கும் இதுவே போதும், கேட்டவர் ‘விசாரித்தவர்’. இரண்டாவதற்கு என் பரிந்துரை திகைவு. எங்கள் பாட்டி தென்காசிப் பக்கம். ‘விலை திகையலை’, ‘கல்யாணம் திகைஞ்சிருச்சு’ என்பார். பேச்சு முடிந்து முடிவானது என்று பொருள். திகைவு விகிதம்.

தெம்பனிஸிலிருந்து

ஈசூன் தம்பி இரண்டாகப் பிரித்தது சரி. ஆனால் முப்பது வருடம் வகுப்பறையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், ‘திகைவு’ என்று எழுதினால் பிள்ளைகள் ‘திகைப்பு’ என்றுதான் படிப்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான். ‘இந்த மாதம் எனக்குத் திகைவு அதிகம்’ என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள்.

புதுச்சொல் நிலைக்க வேண்டுமானால் வாயில் வேற்றுமை உருபோடு புரள வேண்டும். ‘இணையம்’ அப்படி வந்ததுதான். அதைத் தந்தவராக நம் ஊர் எழுத்தாளரும் கணினித் தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமியைச் சொல்கிறோம். இணை என்ற வினை எல்லாருக்கும் தெரியும், அதிலிருந்து இணையம், இணையத்தில், இணையத்தளம் எல்லாம் தானாக முளைத்தன. 1997இல் தமிழ்நெட் என்ற கணினித் தமிழ் மாநாடு இங்கே நடந்த காலத்தில் எத்தனையோ கணினிச் சொற்கள் பேசப்பட்டன. பல சொற்கள் அந்த மேடையைவிட்டு இறங்கவே இல்லை.

என் பரிந்துரை கைகூடல். காரியம் கைகூடியது என்று எல்லாரும் சொல்கிறோம். 484ஆம் குறளில் காலமும் இடமும் பார்த்துச் செய்தால் ஞாலமே கைகூடும் என்று வருகிறது. ஏணியிலிருந்து இறங்கிப் பதில் போடுகிற நேரத்துக்கும் பொருத்தம்தான்.

கிளமெண்டியிலிருந்து

டீச்சர், கைகூடல் நல்ல சொல்தான், ஆனால் ஏர்கானுக்குக் கொஞ்சம் பட்டு வேட்டி கட்டியதுபோல் இருக்கிறது. வியாபாரத்தில் ‘பேரம் படிந்தது’ என்போமே. படிவு விகிதம்?

(அனுப்பும் முன்பே எனக்கு உதைத்தது. நான் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை. எங்களுக்குப் படிவு விகிதம் என்றால் ரத்தத்தில் சிவப்பணு அடியில் தங்கும் வேகம். வகுப்பில் யாராவது ஊசி எங்கே என்று கேட்டால் நான் பொறுப்பில்லை. பக்கத்திலேயே ‘படிவம்’ வேறு இருக்கிறது. படிவத்தால் படிவு குறைந்தது என்று எழுதிப் பார்த்தேன், நாக்கு பிரண்டது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.)

பொங்கோலிலிருந்து

போணி! ‘இன்னிக்குப் போணி ஆச்சா?’ இதைவிட வியாபாரச் சொல் உண்டா? போணி விகிதம்!

ஈசூனிலிருந்து

தம்பி, போணி அன்றைய முதல் விற்பனை மட்டும். இரண்டாவது ஆள் வந்ததும் சொல் காலியாகிவிடும். ஆனால் அந்த உற்சாகத்தை விட்டுவிட மனசில்லை.

டீச்சருக்கு: திகைவு, திகைப்பு குழப்பம் உண்மைதான். ஆனால் அந்த வேறுபாட்டைத் தமிழே காட்டிவிடுகிறது. அவன் திகைத்தான், விலை திகைந்தது. மகன் படித்தான், பேரம் படிந்தது. இரண்டாவது ஜோடியில் யாரும் தடுமாறுவதில்லையே, முதல் ஜோடியில் மட்டும் ஏன்? பழக்கம் விட்டுப்போனதுதான் காரணம் என்பேன்.

கைகூடலில் எனக்கு ஒரு சிக்கல். கைகூடுவது பாதிக்குப் பாதி அதிர்ஷ்டம். லாட்டரியும் கைகூடும், வரனும் கைகூடும். கடைக்காரர் செய்ய வேண்டிய வேலை அந்தச் சொல்லில் தெரிவதில்லை. திகைவதற்கு இரண்டு பக்கமும் பேச வேண்டும். இன்னொரு வசதியும் உண்டு: கல்யாணம் திகைந்துவிட்டது என்றால் தேதி குறித்தாயிற்று, தாலி இன்னும் ஏறவில்லை. எங்கள் தொழிலும் அப்படியே. நாள் பேசியவர் முதல்நாள் ராத்திரி ‘வேண்டாம்’ என்று செய்தி அனுப்புவதுண்டு. வேலை முடிந்து போனில் பேநவ் வழியாகப் பணம் வந்த சத்தம் கேட்டால்தான் காசு. அதற்கு வசூல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. விசாரிப்பு, திகைவு, வசூல். மூன்றையும் தனித்தனியே எண்ணினால் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியும். முன்பணம் வாங்குகிற கேட்டரிங்காரருக்குத் திகைவும் வசூலில் பாதியும் ஒரே நிமிடத்தில் நடந்துவிடும், அது அவர் கொடுத்துவைத்தது.

நேற்று மாப்பிள்ளையிடமே கேட்டேன். மாற்று விகிதம், கைகூடல், திகைவு மூன்றையும் சொன்னேன். கையில் ஃபில்டரைக் கழுவிக்கொண்டே, “வந்தாங்க, கேட்டாங்க, குடுத்தாங்க. இதுக்கு எதுக்கு மச்சான் பேரு?” என்றார்.

தெம்பனிஸிலிருந்து

உங்கள் மாப்பிள்ளையையும் இந்தக் குழுவில் சேர்த்துவிடுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. கையேடு அச்சுக்குப் போகிறது, முடிவு இதுதான்.

மாப்பிள்ளை சொன்னபடி அட்டவணைத் தலைப்பில் பெயர்ச்சொல்லே வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ‘வந்தோர்’, ‘கேட்டோர்’, ‘வேலை கொடுத்தோர்’, ‘பணம் வந்தது’ என்று நான்கு கட்டம். பதினைந்து நிமிடத்தில் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்திலேயே கோடு போட்டு எழுதலாம், மென்பொருள் வேண்டாம். உள்ளே விளக்கும் இடங்களில் ‘விசாரிப்பு’, ‘திகைவு’. முதல்முறை வரும் இடத்தில் ‘விலை திகைந்தது என்கிறோமே, அந்தத் திகைவு’ என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். டீச்சர், உங்கள் ‘கைகூடல்’ முதல் பக்க வாழ்த்தில் இருக்கிறது, விட்டுவிடவில்லை.

விசாரித்தவரையும் வாடிக்கையாளரையும் இரண்டாகப் பிரித்தது வேறு ஓர் இடத்திலும் உதவியது. ஒருமுறை விலை கேட்டுவிட்டுப் போனவருக்கு மாதாமாதம் சலுகை விளம்பரம் அனுப்பும் பழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. கேட்டதாலேயே அவர் வாடிக்கையாளர் ஆகிவிடவில்லை. விளம்பர அழைப்பும் செய்தியும் வேண்டாம் என்பவர்கள் எண்ணைப் பதிந்துவைக்கும் டு நாட் கால் பதிவேடு 2014 ஜனவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது, அனுப்பும் முன் அதையும் அவர் சம்மதத்தையும் பார்க்க வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்தேன். பிளம்பருக்கும் மின்வேலைக்காரருக்கும் உரிம எண்ணை வெப்சைட்டின் மேலேயே போடச் சொல்லியிருக்கிறேன். ஒன்று தண்ணீர் வாரியமான பியூபி தருவது, மற்றது எரிசக்திச் சந்தை ஆணையமான இஎம்ஏ தருவது. ஆளைத் தெரியாத வீட்டுக்காரர் கதவைத் திறக்க அது ஒரு பிடி.

ஜூரோங் ஐயா, மாற்று விகிதத்தை நாணய மாற்றுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த அத்தியாயத்தில் ‘லேண்டிங் பேஜ்’ வருகிறது. விளம்பரத்தை அழுத்தினால் முதலில் வந்து நிற்கும் பக்கம். யாரோ ‘தரையிறங்கு பக்கம்’ என்று எழுதியதைப் பார்த்தேன். சாங்கி விமான நிலையத்தில் வேலை செய்கிறவர்கள் யாராவது குழுவில் இருந்தால் முதலில் அவர்களே பேசட்டும்.