25 மீட்டரில் ஊமையாகும் பழைய ஷார்ட்வேவ் ரேடியோ: வழி சொல்லுங்களேன்

நண்பர்களே, அப்பா வைத்திருந்த ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போர்ட்டபிள் ரேடியோவைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். மீடியம் வேவ் கணீரென்று கேட்கிறது. ஷார்ட்வேவில் 49 மீட்டர் பேண்டும் (6000 கிலோஹெர்ட்ஸ் பக்கம்) பரவாயில்லை. 25 மீட்டர் பேண்டுக்கு (11,800 பக்கம்) போனால் இரைச்சல்கூட இல்லை.

பேண்ட் சுவிட்சைச் சுத்தம் செய்தும் மாற்றமில்லை. பக்கத்தில் இன்னொரு ரேடியோவை வைத்து, இதற்குள் அலை உண்டாக்கும் சுற்றான ஆஸிலேட்டரின் சிக்னலைத் தேடினேன். முள் 6000 கிலோஹெர்ட்ஸில் நிற்கும்போது, ஐ.எஃப். (இடைநிலை அலைவெண்) 455 சேர்ந்து, 6455-இல் அது தெரிகிறது. 11,800-இல் முள் இருக்கும்போது 12,255-இல் ஒன்றுமே இல்லை. அங்கே ஆஸிலேட்டர் நின்றுபோகிறது என்று நினைக்கிறேன்.

அந்த இடத்தில் இருப்பது ஏஎஃப்115 டிரான்சிஸ்டர். இந்த வகையில் உலோக உறைக்குள் மயிரிழை போல் வெள்ளீயம் வளர்ந்து ஷார்ட் ஆகும் என்பது தெரிந்ததே. உறைக்கான நான்காவது காலை வெட்டிப் பார்க்கலாமா, நேராக மாற்று டிரான்சிஸ்டரான ஏஎஃப்125 போடலாமா? சிலிக்கான் டிரான்சிஸ்டர் போட்டவர்கள் பயாஸை (அது வேலை செய்யத் தரும் நிலையான மின்னழுத்தத்தை) எப்படி மாற்றினீர்கள்? ஆஸிலேட்டர் பக்கத்துச் சின்னக் கெப்பாசிட்டர்களையும் சந்தேகிக்க வேண்டுமா?

இணையத்தில் எல்லா நிலையமும் கிடைக்கும்தான். ஆனாலும் டயலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, மங்கி மங்கி வரும் ஒரு தூரத்துக் குரலைப் பிடிக்கும் சுகம் இதில்தான். செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.