தபால்ல புக்கு வர்ற கிளப் மூலமா உங்களுக்கு மாட்டுன எழுத்தாளர் யாராவது உண்டா?

ராக்கோழி:
மக்களே, மாசாமாசம் ஒரு புக்கு தபால்ல வீட்டுக்கே வர்ற மாதிரி கிளப் இருக்கே, அதுல மெம்பரா இருந்தவங்க இங்க யாராவது இருக்கீங்களா? பார்சலைப் பிரிச்சா பேரே கேள்விப்படாத ஒரு ஆளோட புக்கு, சரி வந்தது வந்துருச்சுன்னு படிச்சுட்டு, அப்புறம் அவர் எழுதுனதையெல்லாம் தேடித்தேடி வாங்குற அளவுக்குக் கிறுக்கு புடிச்ச அனுபவம் உண்டா? ஏன் கேக்கறேன்னா, நெட்டுல ஒரு துப்பறியும் நாவல் வாங்கிட்டாப் போதும், அதே அச்சுல வார்த்த மாதிரி இன்னொரு கூட்டத்தையே கொண்டுவந்து நிறுத்துது, புதுசா ஒருத்தரும் மாட்ட மாட்டேங்குறாங்க. கிளப்ல சேந்தா இது மாறுமா, இல்ல அலமாரில தூசி படிய இன்னும் நாலு புக்கு சேருமா?

மூணாம்பக்கம்:
மாறும் பாஸ், ஏன்னா அந்தப் பழைய கிளப்புகளோட வியாபாரமே நீங்க கேக்காததை அனுப்புறதுதான். அமெரிக்காவுல புக் ஆஃப் த மந்த் கிளப் 1926ல ஆரம்பிச்சப்போ மெம்பர்களுக்கு அனுப்புன முதல் புக்கே சில்வியா டவுன்செண்ட் வார்னரோட 'லாலி வில்லோஸ்', அது அந்தம்மாவோட முதல் நாவல். பெரிய பேர் உள்ள ஆளாப் பாத்து ஆரம்பிக்கல பாருங்க. எதை அனுப்பலாம்னு முடிவு பண்ண தனியா ஒரு நடுவர் குழு வேற வெச்சிருந்தாங்க.

இன்னொரு விஷயம், இந்த மாதிரி கிளப்புகள்ல பழகிப்போன ஒரு முறை உண்டு. அடுத்து வரப்போற புக்கு இதுன்னு முன்னாடியே ஒரு நோட்டீஸும் கார்டும் வரும், வேணாம்னா கார்டைக் குறிச்ச தேதிக்குள்ள திருப்பி அனுப்பணும், அனுப்பலேன்னா புக்கு வந்துரும், பில்லும் வந்துரும். இதுல நிறைய புகார் வந்துதான் 1973ல அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன், பதில் சொல்ல குறைஞ்சது 10 நாள் டைம் குடுக்கணும்னு விதி போட்டுச்சு. வியாபாரமாப் பாத்தா கொஞ்சம் நரித்தனம்தான், ஆனா கார்டு போட சோம்பப்பட்டே நல்ல எழுத்தாளர் கிடைச்ச ஆளுங்க ஏகப்பட்ட பேர் இருப்பாங்க.

அட்டைகிழிஞ்சவன்:
நான் மெம்பர் இல்ல, எங்க சித்தப்பா வாங்கிப் போட்ட பழைய கிளப் புக்கு படிச்சு வளந்தவன். அதுங்களைப் பாத்தாலே தெரியும், மேலுறையோட உள்மடிப்புல விலை இருக்காது, கீழ் ஓரமா புக் கிளப் எடிஷன்னு சின்னதா அச்சடிச்சிருக்கும், பேப்பர் கொஞ்சம் லேசு, சிலதுல பின்னட்டை மூலைல விரலால தடவுனா ஒரு குட்டிப் பள்ளம் தட்டுப்படும். அரிய புக்கு சேகரிக்கறவங்க இதைத் தொடமாட்டாங்க, நமக்கென்ன, எழுத்து அதே எழுத்துதான்.

எனக்கு எழுத்தாளர்கள் கிடைச்சது நாவல்ல இல்ல, தொகுப்புல. 1953ல டபுள்டேங்கற அமெரிக்கப் பதிப்பகம் ஆரம்பிச்ச சயின்ஸ் ஃபிக்‌ஷன் புக் கிளப் குண்டு குண்டா சிறுகதைத் தொகுப்பு நிறைய அனுப்பும். ஒரே புக்குல பத்துப் பதினஞ்சு பேரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை, எவன் கதையை முடிச்சுட்டு மறுபடி முதல் வரிக்குப் போறீங்களோ அவன்தான் உங்க ஆளு. அப்புறம் அவனோட ரொம்ப ஃபேமஸ் புக்கை முதல்ல எடுக்காதீங்க, ஆரம்பத்துல எழுதுனதை எடுங்க, அங்கதான் கைவேலை தெரியும். (என் ஆளு யாருன்னு சொன்னா இங்க அடிதடி ஆயிரும், வேணாம்.)

கொட்டாவி:
எல்லா தபால் புக்கையும் ஒரே தராசுல வெக்காதீங்கப்பா. ரீடர்ஸ் டைஜஸ்ட் 1950ல ஆரம்பிச்ச கண்டென்ஸ்டு புக்ஸ் மாதிரி சுருக்குன வகையறாவும் தபால்லதான் வந்துச்சு, ஒரே வால்யூம்ல நாலஞ்சு நாவல். கதை தெரிஞ்சுக்க ஓகே. ஆனா ஒரு எழுத்தாளர் எங்க நின்னு நிதானிக்கறாரு, எங்க வளவளங்கறாரு, அதெல்லாம்தானே அவரு, அதையே வெட்டிட்டா புடிச்சுது புடிக்கலைன்னு எதை வெச்சு சொல்றது?

ராக்கோழி:
தொகுப்பு ஐடியா சூப்பர். ஆனா இப்போ சேரணும்னா எதுல சேர்றது? பழைய முறைல இன்னும் யாராவது அனுப்புறாங்களா?

மூணாம்பக்கம்:
புக் ஆஃப் த மந்த் பேர்ல இப்பவும் நடக்குது, ஆனா அது சில புக்கை நெட்டுல காட்டி நீங்களே ஒண்ணை எடுத்துக்கற முறை, உங்க பிரச்சினைக்கு அது பெருசா உதவாது. சின்ன பதிப்பகங்களோட சந்தா பாருங்க. பிரிட்டன்ல ஆண்ட் அதர் ஸ்டோரீஸ்னு ஒண்ணு, மொழிபெயர்ப்பு நிறைய போடுவாங்க, சந்தா கட்டுனவங்க பேரையே புக்குல அச்சடிக்கறாங்க. பெய்ரீன்னு இன்னொண்ணு, குட்டி குட்டி மொழிபெயர்ப்பு நாவல். அடுத்து என்ன வரும்னு நீங்க முடிவு பண்ண முடியாது, உங்களுக்கு வேண்டியதும் அதானே. ஒண்ணே ஒண்ணு, எதுல சேந்தாலும் நடுவுல நிறுத்தறது எப்படின்னு படிச்சுட்டு அப்புறமா பேங்க் கார்டு நம்பரைக் குடுங்க.