லாரி நிறுவனத்தின் பாதுகாப்புப் பதிவேட்டை எவ்வளவு நம்பலாம்?

இளவழுதி

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு அனுப்பும் சிறு வணிகர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். லாரி பிடிக்கும் பொறுப்பைப் புரோக்கரிடம் விட்டுவிட்டு, சரக்கு யாருடைய வண்டியில் ஏறுகிறது என்பதையே பாராமல் இருப்பவர்கள் நம்மில் பலர். எஃப்.எம்.சி.எஸ்.ஏ. எனப்படும் நடுவண் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் சேஃபர் தளத்தில் ஒரு நிறுவனத்தின் யு.எஸ்.டாட் எண்ணை (அவ்வமைப்பு வழங்கும் பதிவெண்) இட்டால், அதன் வண்டிகள் எத்தனை, ஓட்டுநர்கள் எத்தனை, கடந்த 24 மாதச் சாலையோரச் சோதனைகளில் எத்தனை வண்டிகள் அங்கேயே நிறுத்தப்பட்டன, எத்தனை விபத்துகள் நேர்ந்தன என்பதெல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவ்வமைப்பிடம் ‘திருப்திகரம்’ என்ற தரமதிப்பீடு பெறாத நிறுவனத்துக்கு லோடு கொடுக்கவே கூடாது என்பது என் நிலைப்பாடு.

நாலு லாரிக்காரர்

நீங்கள் சொல்லும் விதியைக் கடைப்பிடித்தால் நாட்டில் உள்ள பெரும்பாலான நிறுவனங்களுக்கு லோடே கிடைக்காது. அந்தத் தரமதிப்பீடு, அதிகாரிகள் நிறுவனத்தின் ஆவணங்களை ஆய்வு செய்த பிறகே வழங்கப்படுகிறது. அத்தகைய ஆய்வு ஒருமுறைகூட நடக்காத நிறுவனங்கள்தாம் மிகுதி. மதிப்பிடப்படவில்லை என்பதற்குத் தேர்வு எழுதவில்லை என்று பொருளே தவிர, தோற்றுவிட்டது என்று பொருளில்லை. அதே வேளையில், பல ஆண்டுகளுக்கு முன் கிடைத்த ‘திருப்திகரம்’ இன்றும் அப்படியே நிற்கும், ஏனெனில் அதற்குக் காலாவதி கிடையாது. பக்கத்தில் அச்சாகியிருக்கும் தேதியைத்தான் பலரும் பார்ப்பதில்லை.

சதவீதக் கணக்கும் சிறு நிறுவனங்களை வஞ்சிக்கிறது. ஈராண்டில் நான்கு சோதனைகள் நடந்து, ஒன்றில் மட்டும் பிரேக் பழுதுக்காக வண்டி நிறுத்தப்பட்டால், பதிவேட்டில் 25 சதவீதம் என்று நிற்கும். தேசிய சராசரியே 20 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. விபத்துப் பட்டியலோ யார் மேல் தவறு என்பதைப் பார்ப்பதில்லை. சிக்னலில் நின்றுகொண்டிருந்த லாரியின் பின்புறத்தில் ஒரு கார் வந்து மோதி, அந்தக் காரை இழுவை வண்டியில் கொண்டுசெல்ல நேர்ந்தால், அது லாரிக்காரரின் விபத்தாகப் பட்டியலில் ஏறிவிடும். தவிர்க்க முடியாத விபத்துதான் என்று முறையிட்டுத் தீர்ப்புப் பெற 2020 முதல் நிரந்தர வழி இருக்கிறது. வெற்றி பெற்றாலும் அந்த விபத்துப் பட்டியலிலிருந்து நீங்காது, அருகில் ஒரு குறிப்பு மட்டும் சேரும்.

இளவழுதி

பதிவேடு குறையுடையது என்பதற்காக அதைப் புறக்கணிக்க முடியாது. நிறுவனங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்ட தரவரிசை எண்கள் முன்பு பொதுமக்கள் பார்வைக்கு இருந்தன. 2015 இறுதியில் வந்த ஃபாஸ்ட் சட்டம் சரக்கு நிறுவனங்களுக்கான அந்த எண்களை மறைத்துவிட்டது. எஞ்சியிருப்பதையாவது கண்டிப்புடன் பயன்படுத்த வேண்டாமா? நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாதுகாப்புப் பதிவுகளைப் பார்க்கும் கடமை புரோக்கருக்கு உண்டு என்று மேரிலாந்து நடுவண் நீதிமன்றம் ஒன்று 2004இல் கூறியிருக்கிறது.

நாலு லாரிக்காரர்

அந்த எண்களை மறைத்த அதே சட்டம், கணக்கிடும் முறையை ஆராயவும் ஆணையிட்டது. தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் அளித்த அறிக்கை, முறை அடிப்படையில் சரியானதே என்றது. தரவுகளின் தரத்தை மேம்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. முதல் பாதியை உங்கள் தரப்பும் இரண்டாம் பாதியை எங்கள் தரப்பும் மேற்கோள் காட்டி வருவது தனிக்கதை.

மதிவதனி

சரக்கு இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் பணியில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் இருவரும் சதவீதத்திலேயே நிற்கிறீர்கள், அதற்கு முன் பார்க்க வேண்டியது பதிவின் உண்மைத்தன்மை. 2008 ஆகஸ்டில் டெக்சஸின் ஷெர்மன் நகரருகே பேருந்தொன்று முன்சக்கர டயர் பழுதாகிப் பாலத்திலிருந்து விழுந்ததில் 17 பேர் இறந்தனர். விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பு இயங்கத் தடை விதிக்கப்பட்ட நிறுவனத்தின் உரிமையாளரே வேறு பெயரில் பதிவுக்கு விண்ணப்பித்து அந்தப் பேருந்துச் சேவையை நடத்திக்கொண்டிருந்தார். அது பயணிகள் வண்டி என்றாலும், லாரித் தொழிலிலும் இதே தந்திரம் உண்டு. இவ்வாறு நிறம் மாறுபவற்றைப் பச்சோந்தி நிறுவனங்கள் என்றே இத்துறையில் அழைக்கிறார்கள். புதிய பதிவில் கறை எதுவும் இராது. அதனால் மிகத் தூய்மையான பக்கத்தைக் கண்டால்தான் எனக்கு ஐயம் வரும். அதன் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தனியே தேடி, வேறு நிறுவனப் பெயர் எதுவும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்ப்பேன்.

நிறுவனம் தன் விவரங்களைத் தானே அளிக்கும் எம்.சி.எஸ்.-150 படிவத்தின் தேதியையும் பாருங்கள். ஈராண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அப்படிவம் காலம் கடந்து கிடந்தால், வண்டி எண்ணிக்கை உட்பட அதிலுள்ள எதையும் நம்புவதற்கில்லை. காப்பீட்டுப் பக்கம் இன்னும் முக்கியமானது. சாதாரணச் சரக்குக்கான குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு 7,50,000 டாலர். 1980இன் சட்டத்தையொட்டி வந்த அத்தொகை இன்றுவரை உயர்த்தப்படவில்லை. காப்பீட்டை ரத்து செய்ய 30 நாள் முன்னறிவிப்பு தேவை என்பதால், ரத்தாகப் போகும் தேதியும் பல நேரங்களில் அங்கேயே தெரியும். புரோக்கர் வைத்திருக்கும் 75,000 டாலர் பிணையைக் காட்டி யாரேனும் உங்களுக்கு ஆறுதல் சொன்னால் ஏமாறாதீர்கள்; அது விபத்துக்கான காப்பீடே அல்ல.

நாலு லாரிக்காரர்

அம்மையார் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். லாரியின் இருபுறமும், பகலில் 50 அடி தொலைவிலிருந்து படிக்கும்படி, நிறுவனப் பெயரும் யு.எஸ்.டாட் எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். புரோக்கர் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லியிருக்க, கிடங்கு வாசலில் வேறு பெயருடைய வண்டி வந்து நின்றால், சேஃபரில் நீங்கள் பார்த்தது வேறு யாருடைய பதிவேட்டையோ. கதவில் ஒட்டியிருப்பது எடுத்து மாட்டக்கூடிய காந்தப் பலகையாக இருந்தால், அந்த வண்டியை அந்நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்ட பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். நேர்மையாகக் குத்தகைக்கு ஓட்டுபவர் அதை வண்டியிலேயே வைத்திருப்பார்.

இளவழுதி

கதவைப் பார்க்க எங்கள் கிடங்கு ஆட்களிடம் சொல்லிவிடலாம், அதில் மறுப்பில்லை. மதிப்பிடப்படாத நிறுவனத்தைக் காப்பீடும் பதிவும் சரியாக இருந்தால் ஏற்கலாம் என்ற அளவுக்கு இறங்கி வருகிறேன். ஆனால் ‘நிபந்தனைக்குட்பட்டது’ என்ற மதிப்பீடு இருந்தால், அது அதிகாரிகள் ஆய்வு செய்து குறை கண்டது. அங்கே எந்த விளக்கத்தையும் கேட்க மாட்டேன்.

நாலு லாரிக்காரர்

குறைகளைத் திருத்தியதற்கான சான்றுகளோடு மேல்மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க அந்த நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. விண்ணப்பித்தார்களா, எந்தத் தேதியில், என்னென்ன திருத்தினார்கள் என்று கேட்டுவிட்டாவது மறுத்திருக்கலாம்.