எஸ்.ஐ.ஆர் (ஓட்டர் லிஸ்ட் சிறப்புத் தீவிர திருத்தம்) நேரத்துல உங்களுக்கு வந்த போன், லிங்க், ஃபார்வர்ட் பத்தி இங்க சொல்லுங்க

வடசென்னைக்காரி:

2025 நவம்பர் 4லேர்ந்து எங்க தெருவுல வேற பேச்சே இல்ல. ஃபார்ம் வந்துச்சா, எழுதிட்டியா, 2005 ஓட்டர் லிஸ்ட்ல அப்பா பேர் கெடைச்சுதா, இதே தான். அக்கம்பக்கத்துல நெறைய பேருக்கு நான் எழுதிக் குடுத்தேன், ஏன்னா அந்த ஃபார்மோட கீழ் பாதி, அதான் பழைய லிஸ்ட்ல இருந்த விவரம் எழுதற எடம், படிச்சவங்களுக்கே தலை சுத்துச்சு. அப்ப நடந்த ஒண்ணு மனசை விட்டுப் போக மாட்டேங்குது, அதான் இங்க போடறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க, படிக்கறவங்க வீட்டுல ஒருத்தர் தப்பிச்சாலும் போதும்.

எங்க கீழ் போர்ஷன்ல ஒரு பாட்டி, எழுபத்தஞ்சு தாண்டிடுச்சு, தனியா இருக்காங்க. அப்ப மாசம் 1200 ரூபா முதியோர் பென்ஷன், அது போக பொண்ணு அனுப்பற காசு, எல்லாம் ஒரே பேங்க் அக்கவுண்ட்ல. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போனைக் காதுல வச்சபடியே படியேறி மேல வந்துட்டாங்க, மூச்சு வாங்குது, "ஏம்மா, எனக்கு ஒரு நம்பர் வந்திருக்காம், அதைப் படிச்சு சொல்லு, இவரு லைன்லயே இருக்காரு"ன்னு என் கையில குடுக்கறாங்க. மெசேஜைத் தொறந்தா பேங்க்ல இருந்து வந்த ஓடிபி. யாருக்கும் சொல்லாதீங்கன்னு அதுலயே இங்கிலீஷ்ல எழுதியிருக்கு, பாட்டிக்கு இங்கிலீஷ் தெரியாது. லைன்ல இருந்த ஆள் நல்ல தமிழ்ல ரொம்ப மரியாதையா பேசறான், "மேடம், அம்மாவோட ஃபார்ம் இன்னும் ஏறல, இன்னைக்கு 5 மணிக்கு மேல ஆச்சுன்னா பேரை எடுத்துடுவாங்க, அந்த ஆறு நம்பரை மட்டும் சொல்லிடுங்க." நான், உங்க பி.எல்.ஓ பேர் என்ன சார்னு கேட்டேன், அதான் வீடு வீடா ஃபார்ம் குடுக்க வர்ற வாக்குச்சாவடி அலுவலர். இது மேலிடத்துல இருந்து பண்றது மேடம்ங்கறான். சரி, ஓட்டர் லிஸ்ட்ல அம்மாவோட பாகம் எண் சொல்லுங்கன்னேன். கட் பண்ணிட்டான். பி.எல்.ஓ பேரு, போன் நம்பர், பாகம் எண் எல்லாமே வீட்டுக்கு வந்த ஃபார்ம்லயே அச்சாகி இருக்குங்க. இந்த ரெண்டு கேள்விக்கு பதில் சொல்ல முடியாதவன் கிட்ட மேல பேசவே வேண்டியதில்ல.

ஆனா அதுக்கப்புறம் பாட்டி கேட்டது தான் என்னைப் போட்டு உலுக்கிடுச்சு. "நம்பரை சொல்லாம விட்டுட்டியேடி, என் ஓட்டு போயிடாதா?" அவங்க மொத ஓட்டு போட்டது 1971ல, அப்பல்லாம் 21 வயசு ஆகணும். அன்னையிலேர்ந்து ஒரு எலெக்‌ஷன் விட்டதில்லயாம். பணம் போயிருக்கும் பாட்டின்னு நான் விளக்கறேன், அவங்களுக்கு அது பெருசாவே படல, ஓட்டு தான் பெருசு. அந்தப் பாவிங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு தான் அடிக்கறாங்க. ஆசை காட்டி ஏமாத்தறது பழைய கதை. இப்ப, இந்த ஊர்ல நீ ஒரு ஆளே இல்லன்னு ஆயிடும்னு பயமுறுத்தறாங்க, அதுக்கு மசியாத வயசானவங்க எத்தனை பேர் இருக்காங்க சொல்லுங்க.

அங்கன்வாடி டீச்சர்:

நான் பி.எல்.ஓவா வேலை பாத்தவ. மேல எழுதின தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு சரி. எங்க வேலை என்னன்னு தெளிவா சொல்லிடறேன், இதை உங்க வீட்டுப் பெரியவங்க கிட்ட அப்படியே சொல்லுங்க. வீட்டுக்கு வருவோம், ரெண்டு ஃபார்ம் குடுப்போம், எழுதினதும் ஒண்ணை வாங்கிக்கிட்டு இன்னொண்ணுல கையெழுத்து போட்டு உங்க கிட்டயே திருப்பிக் குடுப்போம். வாங்கின ஃபார்மை எங்க ஆப்ல ஏத்துவோம். அவ்ளோ தான். அந்தக் கட்டத்துல எந்த டாகுமென்ட்டும் வாங்கச் சொல்லல, ஆதார் நம்பர் கூட விருப்பம் இருந்தா எழுதலாம்னு தான் ஃபார்ம்ல இருக்கு. உங்க போனுக்கு வர்ற ஓடிபி எங்களுக்கு எதுக்கு?

ஜனங்க ஏன் ஏமாறுறாங்கன்னா, நீங்களா வெப்சைட்ல போய் ஆன்லைன்ல ஃபார்ம் போட்டா அங்க நெஜமாவே ஓடிபி வரும். அதை நீங்களே உங்க கையால அதே வெப்சைட்ல போடணும், வாயால யாருக்கும் சொல்றதில்ல. இந்த வித்தியாசம் தெரியாததால "எலெக்‌ஷனுக்கு ஓடிபி உண்டு தானே"ன்னு நம்பிடறாங்க.

இன்னொரு கஷ்டம் யாருமே பேசறதில்ல. இந்த மோசடி போன் பத்தி வாட்ஸ்அப்ல பரவினதுக்கு அப்புறம் நாங்க கூப்பிட்டா யாரும் எடுக்கல. ஒரு அப்பார்ட்மெண்ட்ல செக்யூரிட்டி கேட்லயே நிறுத்திட்டாரு, அடையாள அட்டையைக் காட்டினா "இதெல்லாம் இப்ப எவன் வேணா அடிச்சுக்கறான்மா"ங்கறாரு. அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். நாலாவது மாடில ஒரு வீட்டுல ஆள் உள்ள இருக்கறது டிவி சத்தத்துல தெரியுது, கதவு தொறக்கல. மறுபடி போனேன், மறுபடியும் தொறக்கல. காலைல சென்டர்ல பிள்ளைங்களைப் பாத்துட்டு சாயங்காலம் படி படியா ஏறி இறங்கறவங்க நாங்க. திருடன் ஓடிபியைத் திருடறது ஒரு பக்கம், நெஜமா வர்றவங்க மேல இருந்த நம்பிக்கையையும் சேத்து எடுத்துட்டுப் போயிட்டான். அந்த வீட்டுல எத்தனை பேர் பேர் விட்டுப் போச்சோ.

ஷார்ஜா தம்பி:

அக்கா, எனக்கு நடந்தது வேற டைப். நான் இங்க, அப்பா அம்மா தூத்துக்குடி பக்கம். ஊர் குரூப்ல ஒரு ஃபார்வர்ட், வெளிநாட்டுல இருக்கறவன் பேரை வீட்டுல எழுதிக் குடுத்தா வீட்டுக்காரங்க மேல கேஸ் ஆகும்னு. அம்மா பயந்து போய் என் ஃபார்மைத் தொடவே இல்ல. ஆள் ஊர்ல இல்லன்னா வயசுக்கு வந்த குடும்பத்து ஆள் கையெழுத்து போட்டுக் குடுக்கலாம்னு இருக்கு, அதைச் சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க. சரின்னு நானே ஆன்லைன்ல போட்டுடலாம்னு உக்காந்தேன். ஆதார்ல பேரும் ஓட்டர் ஐடில பேரும் ஒண்ணா இருக்கணுமாம். நம்ம ஊர் கதை தெரியும்ல, ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, இன்னொண்ணுல அப்பா பேரே முழுசா பின்னாடி. ஏறவே இல்ல.

அப்ப தான் அதே குரூப்ல ஒருத்தன் தனியா மெசேஜ் பண்றான், 500 ரூபா குடுங்க ப்ரோ, நான் சரி பண்ணித் தர்றேன், ஒரு ஆப் போட்டு ஸ்க்ரீன் ஷேர் மட்டும் குடுங்கன்னு. ஸ்க்ரீனைக் குடுத்தா ஓடிபியை நாம வாயால சொல்லவே வேணாம், வர்றது எல்லாத்தையும் அவனே பாத்துக்குவான். ஆளை பிளாக் பண்ணிட்டு அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன், ஃபார்மை கேமரா முன்னாடி வச்சு ஒவ்வொரு கட்டமா படிக்க வச்சு நான் சொல்லச் சொல்ல எழுதினாங்க. ரொம்ப நேரம் ஆச்சு. அம்மா எட்டாங்கிளாஸ், ஆனா கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு.

பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்:

ஃபார்வர்ட்னு சொன்னதும் எங்களுக்கெல்லாம் 2023 மார்ச் தானுங்க ஞாபகம் வருது. எங்க கம்பெனில பாதிக்கு மேல பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா பசங்க. தமிழ்நாட்டுல இந்திக்காரங்களை அடிச்சுக் கொல்றாங்கன்னு வீடியோ சுத்துச்சுங்க. டிஜிபி சைலேந்திர பாபு சாரே அதெல்லாம் பொய்னு வீடியோ போட்டாரு. அதுல ஒண்ணு தொழிலாளருங்க அவங்களுக்குள்ளயே போட்டுக்கிட்ட சண்டை, இன்னொண்ணு கோயமுத்தூர்ல உள்ளூர் ஆளுக ரெண்டு கோஷ்டி மோதினது. பீகார்ல இருந்து அதிகாரிக குழுவே வந்து பாத்துட்டுப் போச்சுங்க.

ஆனா அதெல்லாம் பசங்களுக்குப் போய்ச் சேரறதுக்கு முன்னாடியே அவங்க ஊர்ல அம்மாக்காரிக போன் போட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க. கட்டிங் செக்‌ஷன்ல ஒரு பையன், எங்கிட்ட நாலு வருசமா வேலை பாக்கறவன், போனை நீட்டி "அண்ணா, ஏ சச் ஹை?"ன்னு கேக்கறான், இது நெஜமான்னு. எனக்கு இந்தி அரைகுறைங்க. அவன் போனை வாங்கி அவங்கம்மா கிட்ட நானே பேசினேன், வீடியோ காலைப் போட்டு கம்பெனி, ரூம், மெஸ் எல்லாத்தையும் சுத்திக் காட்டினேன், அப்பறம் தான் அந்தம்மா அழுகையை நிறுத்துச்சு. அது ஹோலி நேரம் வேறங்க, ஊருக்குப் போறவங்க எப்பவும் போறது தான், ஆனா ரயில்வே ஸ்டேஷன் கூட்டத்தைப் படம் புடிச்சு "பாரு, ஓடறாங்க"ன்னு அதையும் போட்டானுங்க. அரசியல் லாபத்துக்கோ வியூஸுக்கோ எவனோ ஒருத்தன் பண்ணினது, இங்க எங்க பசங்க ராத்திரி தூங்கல.

இப்ப எஸ்.ஐ.ஆர்லயும் அதே கதி தானுங்க. உங்க பேரை எல்லாம் தமிழ்நாட்டு லிஸ்ட்ல சேக்கறாங்கன்னு அவங்களுக்கு ஒரு ஃபார்வர்ட், வெளியூர்க்காரன் பேரை ஏத்தி நம்ம ஓட்டை அமுக்கறாங்கன்னு நமக்கு ஒரு ஃபார்வர்ட். ரெண்டும் ஒரே நாள்ல, ஒரே டீக்கடைல பாத்தேன்.

மதுரை ரிட்டயர்டு வாத்தியார்:

என் சம்பந்தி வீட்டுல நடந்தது. டிஜிட்டல் அரெஸ்ட், அதாவது போன்லயே உங்களைக் கைது பண்ணிட்டோம்னு சொல்லி சம்பந்தியை ராத்திரி முழுக்க வீடியோ கால்லயே உக்கார வச்சிருக்கானுக. யூனிஃபார்ம், பின்னாடி தேசியக் கொடி, சுப்ரீம் கோர்ட் சீல் வச்ச ஆர்டர், எல்லாமே போலி. காலைல பேப்பர் போடற பையன் பெல் அடிக்கலைன்னா அவரு எந்திரிச்சே இருக்க மாட்டாரு. டிஜிட்டல் அரெஸ்ட்னு சட்டத்துல ஒண்ணுமே கிடையாதுன்னு 2024 அக்டோபர்ல பிரதமரே மன் கீ பாத்ல சொன்னாரு. 2025 டிசம்பர் 1ம் தேதி சுப்ரீம் கோர்ட் இந்த கேஸுகளை எல்லாம் சிபிஐ எடுத்து விசாரிக்கணும்னு சொல்லியிருக்கு. பணம் போயிடுச்சுன்னா யோசிச்சுக்கிட்டு உக்காராம சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்கப்பா, எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ அந்த அளவுக்கு அக்கவுண்ட்டை முடக்கி வைக்க வாய்ப்பிருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு புள்ளைக கிட்ட மறைக்கிறவங்க தான் அதிகமா இழக்கறாங்க.

கோவை காலேஜ் பொண்ணு:

எங்க ஃபேமிலி குரூப்ல பெரியப்பா ஒரு ஆடியோ போட்டாரு, ஒரு கட்சித் தலைவர் குரல்ல, ஃபார்ம் யாரும் குடுக்காதீங்கன்னு. குரல் அச்சு அசல். "குரலையே எப்படிம்மா பொய்யா பண்ண முடியும்"னு கேட்டாரு. 2018ல காலமான கலைஞர் 2024 ஜனவரில ஒரு விழாவுல ஏஐ வீடியோல பேசினதைப் போட்டுக் காட்டினேன், அது கட்சிக்காரங்க ஏஐன்னு சொல்லியே போட்டது தான். அதைப் பாத்ததுக்கு அப்புறம் தான் ஒத்துக்கிட்டாரு. ரெண்டு அம்புக்குறி போட்டு வர்ற மெசேஜ், பல பேர் கை மாறி வந்தது, அதை ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்கு தான் அனுப்ப முடியும், வாட்ஸ்அப்பே 2020ல இருந்து அப்படி வச்சிருக்குன்னும் சொன்னேன். இப்ப அம்புக்குறி வந்தா மொதல்ல எனக்கு அனுப்பிக் கேக்கறாரு.

அப்புறம் அந்த சஞ்சார் சாத்தி கூத்து, அதான் திருட்டு போன், மோசடி கால் பத்தி புகார் குடுக்கற அரசாங்க ஆப். எல்லா புது போன்லயும் அந்த ஆப் கட்டாயம்னு அரசாங்கம் 2025 நவம்பர் கடைசில ஆர்டர் போட்டுச்சு, எதிர்ப்பு வந்ததும் டிசம்பர் 3ம் தேதி கட்டாயத்தை எடுத்துட்டாங்க. அந்த ரெண்டு மூணு நாள் கேப்புல எங்க குரூப்ல "ஆப் போடலைன்னா ஓட்டு கெடையாது"ன்னு ஒண்ணு வந்துச்சு, கீழயே ஒரு ஏபிகே ஃபைல், அதான் போன்ல ஆப்பை நேரா ஏத்தற ஃபைல்! நல்ல வேளை, அதை யாரும் தொடறதுக்கு முன்னாடி அண்ணன் அட்மின்ங்கறதால அழிச்சுட்டான். ப்ளே ஸ்டோர்ல இருந்து இல்லாம வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகேவை இன்ஸ்டால் பண்ணா உங்க எஸ்எம்எஸ் எல்லாத்தையும் அவன் படிப்பான். கல்யாணப் பத்திரிகை, ட்ராஃபிக் ஃபைன்னு எந்தப் பேர்ல வந்தாலும் சரி.

வடசென்னைக்காரி:

எல்லாருக்கும் நன்றி. டீச்சரம்மா, நீங்க சொன்ன அந்த நாலாவது மாடி வீட்டை நெனச்சா ரொம்ப வருத்தமா இருக்கு. 2025 டிசம்பர் 19 வரைவுப் பட்டியல் வந்தப்ப தமிழ்நாடு பூரா 97 லட்சம் பேருக்கு மேல பேர் இல்ல. செத்தவங்க, வீடு மாறினவங்க, ரெண்டு எடத்துல பேர் இருந்தவங்க எல்லாம் அதுல உண்டு, அது சரி. இதுல அரசியல் பேசறவங்க ரெண்டு பக்கமும் பேசட்டும், பேசணும் தான். ஆனா போனை எடுக்க பயந்து, கதவைத் தொறக்க பயந்து விட்டுப் போனவங்களும் அதுக்குள்ள இருக்காங்களே, அவங்களுக்காக யாரு பேசறது?

பாட்டி பேர் வந்துடுச்சு. எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் பேர் வரல. புது நம்பர்ல இருந்து யார் கூப்பிட்டாலும் எடுக்காதன்னு அவர் பையன் போன்ல செட்டிங் பண்ணி வச்சிருக்கான், பி.எல்.ஓ கூப்பிட்டது எல்லாம் மிஸ்டு கால்ல கெடக்கு.

பேர் சேக்க 2026 ஜனவரி 18 வரைக்கும் ஃபார்ம் 6 குடுக்கலாம்னு அப்ப சொன்னாங்க, கூடவே உறுதிமொழிப் படிவமும் வைக்கணும்னாங்க. சந்தேகம்னா தேர்தல் ஹெல்ப்லைன் 1950க்கு நீங்களா போன் பண்ணுங்க, அங்க இருந்து கூப்பிடறோம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. உங்க ஃபார்ம் காப்பில இருக்கற பி.எல்.ஓ நம்பரைப் பெரியவங்க போன்ல பேரோட சேவ் பண்ணி வைங்க, அப்ப நெஜ ஆள் கூப்பிட்டா தெரியும். ஆட்டோ அண்ணனை நான் ஒரு சனிக்கிழமை ஸ்கூல்ல நடந்த முகாமுக்குக் கூட்டிட்டுப் போனேன். எங்க தெருவுல வேற யாருக்காவது பேர் விட்டுப் போயிருந்தா சொல்லுங்க, எல்லாரும் சேந்தே போயிடலாம்னு எல்லார் கிட்டயும் சொல்லி வச்சேன்.