வேலையை விட்டுவிட்டுச் சேனல் நடத்தினால் ஆள் வளர்வானா?

யீசூன் ரயிலடி:
போன வாரம் இங்கே ஒருவர், "சேனல் நடத்துவது பொழுதுபோக்கு, அதில் என்ன பெரிசாகக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். தனி இழையாகவே பேசலாம் என்று திறக்கிறேன். வங்கி ஒன்றின் கணினிப் பிரிவில் இருந்த வேலையை விட்டுவிட்டு, சிங்கப்பூரின் மசேநிதி (மத்திய சேமநிதி), வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) வீடு, பள்ளிச் சேர்க்கை போன்றவற்றைத் தமிழில் விளக்கும் யூடியூப் சேனலை முழுநேரமாக நடத்துகிறேன். அலுவலகத்தில் எத்தனை வருஷம் இருந்தும் வராத ஒரு பழக்கம் இதில் எனக்கு வந்தது. ஒரு முடிவை யாரிடமும் ஒப்புதல் கேட்காமல் எடுத்துவிட்டு, நல்லதோ கெட்டதோ, வருவதை நானே வாங்கிக்கொள்கிறேன். முன்பெல்லாம் மேலாளர் ஒரு கண் பார்க்காமல் மின்னஞ்சல்கூட அனுப்ப மாட்டேன்.

இன்னொன்று என் பேச்சு. எடிட்டிங்கில் உட்கார்ந்தால்தான் தெரிகிறது, வாக்கியத்துக்கு வாக்கியம் "அதாவது பாத்தீங்கன்னா" சொல்கிறேன். அதை வெட்டி வெட்டிச் சலித்துப்போய், நேரில் பேசும்போதும் குறைந்துவிட்டது. எங்கள் அடுக்குமாடி புளோக் ரயில் பாதைக்குப் பக்கத்தில். வடக்கு தெற்குப் பாதை இங்கே தரைக்கு மேலே ஓடுகிறது. காற்றாடியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஒரு ரயில் போனதும் ஆரம்பித்து அடுத்தது வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். சுருக்கமாகப் பேசுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குக் கிடைத்ததில்லை.

வரவுசெலவு:
தம்பி, பேச்சு திருந்தியதில் சந்தோஷம். ஆனால் "யாரிடமும் ஒப்புதல் கேட்காமல்" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. விளம்பரப் பணம் வர 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட்ஸுக்கு 90 நாளில் ஒரு கோடி வியூஸ். இதெல்லாம் யார் வைத்த விதி? நீள வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 45 விழுக்காட்டை அவர்கள் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருகிறார்கள். அமெரிக்காவிலிருந்து பார்ப்பவர்களால் வரும் பங்கில் 30 விழுக்காடு அந்நாட்டு வரியாகப் போய்விடும், சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் அதற்கான வரி ஒப்பந்தம் இல்லை. பழைய மேலாளரிடமாவது நேரில் போய் "ஏன் சார் இப்படி?" என்று கேட்டிருக்கலாம். இந்த முதலாளியை எங்கே போய்ப் பார்ப்பீர்கள்?

அப்புறம், 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்துக்கு முதலாளி தன் பங்காக மாதம் 850 வெள்ளி மசேநிதியில் போடுவார். சொந்தத் தொழிலில் அதைப் போட ஆள் இல்லை. நிகர வருமானம் வருஷத்துக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் (மசேநிதியில் மருத்துவச் செலவுக்கான கணக்கு) மட்டும் கட்டாயம், அதுவும் கைக்காசு. என்னிடம் கணக்கு எழுத வருகிறவர்களில் மசேநிதியில் வீட்டுக் கடனுக்கு உதவும் சாதாரணக் கணக்கில் எதுவும் போடாமல், வீட்டுக் கடனை ரொக்கமாகக் கட்டித் திணறுகிறவர்கள் உண்டு. இதற்கு 'வளர்ச்சி' என்று பெயர் வைத்து இளம்பிள்ளைகளிடம் விற்காதீர்கள். என் கோபம் அதுதான்.

கோப்பி ஓ:
அந்த 850 வெள்ளியைப் படித்ததும் என் ராஜினாமாக் கடிதத்தை அழித்துவிட்டேன். நன்றி அக்கா.

யீசூன் ரயிலடி:
காசுக் கணக்கில் அக்காவோடு மல்லுக்கட்ட முடியாது. விதி அவர்களுடையது, சரி. ஆனால் அந்த விதிக்குள் என்ன செய்வது, என்ன செய்யக் கூடாது என்பது தினமும் என் தலையில்தான் விடிகிறது. ஒரு சத்து மாத்திரைக்காரர் வந்தார். நல்ல பணம். "விளம்பரம் என்று சொல்லாமல், நீங்களே சாப்பிட்டுப் பார்த்த மாதிரிப் பேசுங்கள்" என்றார். காசு வாங்கிப் பேசினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று இங்குள்ள விளம்பரத் தரநிலை ஆணையம் 2016லேயே வழிகாட்டி போட்டிருக்கிறது. அதை எடுத்துச் சொன்னேன். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்றார். முடியாது என்று அனுப்பிவிட்டேன். வங்கியில் இருந்தபோது இதே மாதிரி ஒன்று வந்திருந்தால் சட்டப் பிரிவுக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். அந்த மாதம் வருமானம் குறைச்சல். ஆனால் "முடியாது" என்று சொல்ல எனக்கு வருகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

உயர்நிலை ஆசிரியை:
இருவரும் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள்? 2020 கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுகிற சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காட்டினர்தான். அவ்வளவு சின்னக் கூட்டத்தை வைத்து 4,000 மணி நேரம் சேர்ப்பது கஷ்டம். அதனால் நம் பிள்ளைகள் தொடங்கும் சேனல்கள் கொஞ்ச நாளில் தமிழ்நாட்டுப் பார்வையாளர்களை நோக்கித் திரும்பிவிடுகின்றன. "சிங்கப்பூரில் என்ன சம்பளம்?", "முஸ்தபாவில் தங்கம் வாங்கலாமா?" இதே பல்லவிதான். என் மாணவன் ஒருவன் தேக்கா சந்தையைப் பற்றி அழகாக ஒரு வீடியோ எடுத்தான். யாரும் பார்க்கவில்லை என்று அடுத்ததில் சம்பளக் கதைக்குப் போய்விட்டான். அவன் கற்றுக்கொண்டது கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே ஓட வேண்டும் என்பதைத்தானே? தம்பி, உங்கள் சேனலிலும் கடைசியாக நான் பார்த்த தலைப்பு சம்பளம்தான்.

யீசூன் ரயிலடி:
டீச்சர், அது சரியான அடி. சம்பள வீடியோவுக்கு வியூஸ் கொட்டுகிறது, அனலிட்டிக்ஸில் பாதிக்கு மேல் இந்தியா. மெடிசேவ் வீடியோவைச் சொற்பம் பேர்தான் பார்த்தார்கள். ஆனால் அதன் கீழேதான் ஒரு டாக்சி ஓட்டுநர் தன் நிலைமையை விவரமாக எழுதி, எந்தப் பாரத்தை நிரப்புவது என்று கேட்டிருந்தார். இரண்டையும் போடுகிறேன். முதலாவது அரிசி வாங்க, இரண்டாவது எனக்காக. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஞாயிறு சமையல்:
வணக்கம். நான் கட்டுமான வேலை, ஜூரோங் பக்கம் தங்கும் விடுதி. ஞாயிற்றுக்கிழமை விடுதியில் சமைப்பதை வீடியோ எடுத்துப் போடுகிறேன். வேலை பெர்மிட்டில் இருப்பவன் வேறு வேலையோ சொந்தத் தொழிலோ செய்யக் கூடாது என்பது நிபந்தனை, அதனால் பணம் வரும் வசதி எதையும் ஆன் செய்யவில்லை. ஸ்பான்சர் கேட்டாலும் வேண்டாம் என்றுவிடுவேன். காசு வராத எனக்கும் அண்ணன் சொன்னது நடந்தது. முன்பு சைட்டில் பாதுகாப்புக் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டேன். இப்போது சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிட்டுத் தமிழ் ஆட்களுக்கு விளக்கச் சொல்கிறார். கேமரா முன்னால் உளறி உளறிப் பழகியதுதான் காரணம். கெட்டதும் நடந்தது. "இந்தப் பிழைப்புக்கா கடல் தாண்டிப் போனாய்?" என்று ஒருத்தர் கமெண்ட் போட்டார். ஊரில் அம்மா அதைப் படித்துவிட்டு அழுதார். அதற்கப்புறம் இரண்டு வாரம் கேமராவைத் தொடவில்லை.

வரவுசெலவு:
இந்தத் தம்பி எழுதியதை எல்லாரும் இன்னொரு தடவை படியுங்கள். ரயிலடி, நீங்கள் சொன்ன அத்தனையும் இவருக்கும் கிடைத்திருக்கிறது. பேசும் தைரியம், வேண்டாம் என்று சொல்வது, திட்டு வாங்கிவிட்டு மறுபடி எழுந்து வருவது. இவர் வேலையை விடவில்லை, விடவும் முடியாது. அப்படியானால் உங்களை வளர்த்தது சேனல். ராஜினாமாவுக்கு அதில் என்ன பங்கு? சனி ஞாயிறில் செய்திருந்தால் வளர்ந்திருக்க மாட்டீர்களா?

யீசூன் ரயிலடி:
நல்ல கேள்வி. மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வேலையில் இருந்தபோதும் வீடியோ போட்டேன். மாத்திரைக்காரர் அப்போது வந்திருந்தால் "வேண்டாம்" என்பது எனக்குச் சுலபம், 25ஆம் தேதி சம்பளம் வந்துவிடுமே. அரிசிக்குக் காசு வேண்டும் என்ற நிலையில் சொல்லும் "வேண்டாம்" வேறு. ஞாயிறு சமையல் தம்பிக்குச் சட்டம் துணை நிற்கிறது, எனக்கு யாரும் இல்லை. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை, அவர் பட்ட அடி எனக்கு விழுந்ததில்லை.

ஞாயிறு சமையல்:
சட்டம் துணை நிற்கவில்லை அண்ணே, கையைக் கட்டிப் போட்டிருக்கிறது. பெர்மிட் போனால் ஊரில் வாங்கிய கடன் அப்படியே நிற்கும். நீங்கள் ஒரு மாத வருமானத்தைப் பணயம் வைத்தீர்கள். நான் ஒரு பட்டனைத் தவறி அழுத்தினால் குடும்பமே பணயம்.

கோப்பி ஓ:
ரயிலடி, இதற்குப் பதில் சொல்லுங்கள். ரயில் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

உயர்நிலை ஆசிரியை:
அவர் யோசிக்கட்டும். எனக்கு உடனே ஒரு விஷயம் தெரிய வேண்டும். தேசிய சேவை முடித்த அந்தப் பழைய மாணவன் முழுநேரமாக இறங்கப் போகிறானாம். நான் தடுத்தால் கேட்க மாட்டான். வரவுசெலவு அக்கா, குறைந்தபட்சம் எதையெல்லாம் சரியாகச் செய்யச் சொல்லட்டும்?

வரவுசெலவு:
அவசரப்படாதே என்று முதலில் சொல்லுங்கள் டீச்சர். அடையாள அட்டையில் இருக்கிற முழுப் பெயரிலேயே தொழில் செய்தால் அக்ராவில் (தொழில்களைப் பதியும் அரசு ஆணையம்) பதிய வேண்டாம், வேறு பெயர் வைத்தால் பதிய வேண்டும். சேனல் காசுக்குத் தனி வங்கிக் கணக்கு திறக்கட்டும். வருமானத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு வருஷா வருஷம் ஏப்ரல் 18க்குள் இணையத்தில் காட்ட வேண்டும். கடைக்காரர்கள் "சும்மா வைத்துக்கொள்ளுங்கள்" என்று கொடுக்கும் போன், ஓட்டல் அறை போன்றவையும் வருமானம்தான். ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்க்கக் கொடுக்கும் 100 வெள்ளிக்கு மிகாத பொருளுக்குத்தான் விலக்கு. மைக், விளக்கு, கணினிக்குக் கழிவு கேட்கலாம். ரசீதுகளை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும், வெயிலில் மங்கிப் போகும் தாளாக இருந்தால் படம் எடுத்து வைக்கட்டும். கட்டாயம் இல்லாவிட்டாலும் மாதா மாதம் மசேநிதியில் ஏதாவது போடட்டும்.

வளர்ச்சி விஷயத்தில் ரயிலடி சொன்னதை நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பையன் முதல் வருஷம் என்னிடம் வந்தால் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன், காசு வேண்டாம்.